ஒரு கப் காசுல நாலு டம்ளர்!

"மச்சி, கிளாஸ் முடிஞ்சதும் காபி ஷாப் போலாமா?"

இந்தக் கேள்வி விழுந்த அடுத்த செகண்ட், உங்க செட்டில் ஒரு முகம் மட்டும் செல்போனுக்குள் குனியும். கவனிச்சிருக்கீங்களா? "இல்லடா, நீங்க போயிட்டு வாங்க. வீட்ல சீக்கிரம் வரச் சொன்னாங்க" என்று ஒரு பதில் வரும். போன வாரம் தலைவலி. அதுக்கு முந்தின வாரம் ரெக்கார்டு நோட்டு பாக்கி. நீங்களும் "சரியான சாமியார்டா இவன்" என்று கலாய்த்துவிட்டுக் கிளம்பியிருப்பீங்க.

விஷயம் தலைவலியும் இல்லை, ரெக்கார்டு நோட்டும் இல்லை பாஸ். மெனு கார்டோட வலது பக்கம்! ஏ.சி. போட்ட கடைகளில் ஒரு கப் ஹாட் சாக்லேட் 200 ரூபாயைச் சர்வ சாதாரணமாகத் தாண்டுகிறது. மெஸ்ஸில் டோக்கன் போட்டுச் சாப்பிடுகிற ஒருத்தருக்கு அது ரெண்டு மூணு நாள் சாப்பாட்டுக் காசு. "நான் தர்றேன்டா, வா" என்று நீங்க சொல்லலாம். ஒரு தடவை வருவார். ரெண்டாவது தடவை மறுபடி தலைவலி வந்துவிடும்.

ஐயப்பன்தாங்கல் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற பசங்களுக்கு இதைத் தனியா விளக்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் போரூர், இன்னொரு பக்கம் காட்டுப்பாக்கம், அதைத் தாண்டினால் பூந்தமல்லி. மவுன்ட் - பூந்தமல்லி ரோட்டில் மேலே மெட்ரோ தூண்கள், கீழே டிப்போவுக்குத் திரும்புகிற பஸ்கள். சுற்று வட்டாரத்தில் மெடிக்கல், இன்ஜினீயரிங் என்று கல்லூரிகள் நிறைய இருப்பதால், மாடி போர்ஷனில் நாலு பேர் சேர்ந்து வாடகையைப் பங்கு போட்டுக்கொள்கிற கூட்டம் இங்கே ஜாஸ்தி. அந்த ரூமில் கிச்சன் என்ற பெயரில் ஒரு மேடை இருக்கும். மேடை மேல் ஓர் இன்டக்‌ஷன் ஸ்டவ். பக்கத்தில் கைப்பிடி லூசான ஒரு பாத்திரம். அவ்வளவுதான், செட்டப் ரெடி! காபி ஷாப்பில் தருவதைவிட கெட்டியான ஹாட் சாக்லேட்டை அங்கேயே போட்டுவிடலாம்.

"சென்னை வெயிலுக்கு ஹாட் சாக்லேட்டா?" என்று சிரிக்காதீங்க. மே மாசம் மத்தியானம் கொதிக்கக் கொதிக்க டீ குடிக்கிற ஊர் இது. அதிலும் நவம்பர் மழை, மார்கழிக் காலை என்று நமக்கும் ரெண்டு மூணு மாசம் கிடைக்குதே!

பவுடரில் ஏமாறாதீங்க!

நம்மில் முக்கால்வாசிப் பேர் ஹாட் சாக்லேட் என்று நினைத்துக்கொண்டிருப்பது, பாலில் டிரிங்கிங் சாக்லேட் பவுடரைக் கலக்கி அடிப்பது. அந்த டப்பாவைத் திருப்பி, பின்னாடி இருக்கிற பொடி எழுத்தைப் படிங்க. எது அதிகமாக இருக்கிறதோ அதைத்தான் முதலில் போடணும் என்பது விதி. பெரும்பாலும் சர்க்கரைதான் முதலில் நிற்கும்! மால்ட் கலந்த பவுடர்கள் கதை வேற. அந்த மாதிரி பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற வரிசையில் வைத்து விற்கக் கூடாது என்று 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகமே ஆன்லைன் கடைகளுக்குச் சொல்லிவிட்டது.

கோகோ கொட்டையை அரைத்தால் அதில் பாதிக்கு மேல் கொழுப்பு. அதுதான் கோகோ பட்டர். 1828-ல் ஹாலந்தில் வான் ஹூட்டன் குடும்பம் அந்தக் கொழுப்பைப் பிழிந்தெடுக்க ஒரு மெஷின் கண்டுபிடித்து பேட்டன்ட் வாங்கியது. பிழிந்த பிறகு மிஞ்சிய சக்கையைப் பொடி பண்ணினால் கோகோ பவுடர். ஆக, வெறும் பவுடரில் போட்டது ஹாட் கோகோ. நிஜ சாக்லேட்டை அதன் கொழுப்போடு பாலில் கரைத்தால்தான் ஹாட் சாக்லேட். வாயில் ஒட்டிக்கொண்டு நிற்கிற அந்த கெட்டித்தனம் கோகோ பட்டர் பண்ணுகிற வேலை. அது சுமார் 34 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். நம் உடம்புச் சூட்டுக்குக் கொஞ்சம் கீழே! நாக்கில் வைத்ததும் சாக்லேட் கரைவதற்குக் காரணம் இதுதான்.

இன்னொரு சுவாரஸ்யம். நாம் கடித்துத் தின்கிற சாக்லேட் பாருக்கு இன்னும் 200 வயசுகூட ஆகலை. 1847-ல்தான் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஃப்ரை கம்பெனி அதை வார்த்தது. அதற்கு முன்னாடி ஆயிரக்கணக்கான வருஷம் சாக்லேட் என்றால் பெரும்பாலும் குடிக்கிற சமாச்சாரம்தான். மெக்சிகோ பக்கம் மாயாக்களும் அஸ்டெக்குகளும் மிளகாய் போட்டு, சர்க்கரையே இல்லாமல் குடித்திருக்கிறார்கள். அதுக்கு நுரை வரவழைக்க என்ன பண்ணினாங்க தெரியுமா? ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு உயரத்திலிருந்து ஊத்தினாங்க. சுமார் 1,300 வருஷத்துக்கு முந்தைய ஒரு மாயா குவளையில் ஒரு பெண் அப்படி ஊத்துகிற படமே இருக்கிறது. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மியூசியத்தில் வைத்திருக்கிறார்கள். நம்ம டிப்போ பக்கத்து டீ மாஸ்டரை அங்கே கூட்டிட்டுப் போனா, "இதைத்தானே தம்பி நானும் பண்றேன்" என்பார்!

என்ன வாங்கணும்?

சாக்லேட் வாங்கும்போதுதான் உஷாரா இருக்கணும். பேக்கரி சாமான் கடைகளில் அரை கிலோ, ஒரு கிலோ கட்டியாக 'டார்க் கம்பவுண்ட்' என்று விற்பார்கள். விலை குறைச்சல், பார்க்க பளபளன்னு இருக்கும். அதில் கோகோ பட்டர் கிடையாது. அதுக்குப் பதில் தாவரக் கொழுப்பு. கேக் மேலே பூச அது ஓகே. பாலில் கரைத்தால் மேலே எண்ணெய் மிதக்கும், மேல் அண்ணத்தில் மெழுகு பூசின மாதிரி இருக்கும். லேபிளில் கோகோ மாஸ், கோகோ பட்டர் என்ற ரெண்டு பெயரும் இருந்தால் எடுங்க. தாவரக் கொழுப்பு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தால் வெச்சிடுங்க.

விலை ஏன் அப்படி ஏறிச்சுன்னு கேட்டால், அதுக்கும் ஒரு கதை. உலகக் கோகோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா என்ற ரெண்டு நாடுகளில் விளைகிறது. அங்கே விளைச்சல் படுத்ததால், 2024 டிசம்பரில் நியூயார்க் சந்தையில் ஒரு டன் 12,000 டாலரைத் தாண்டியது. 2025-ல் இறங்கத் தொடங்கியது. கம்பவுண்ட் கட்டிகளுக்கு மவுசு கூடியதில் ஆச்சரியமே இல்லை.

ஆனா கோகோ என்றால் ஆப்பிரிக்காதான்னு நினைக்காதீங்க. நம்ம பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புக்குள் போய்ப் பாருங்க. தென்னை நிழலில், அடிமரத்திலேயே பப்பாளி சைஸில் காய் தொங்கும். உடைத்தால் உள்ளே சீத்தாப்பழம் மாதிரி வெள்ளைச் சதை. அந்தக் கொட்டையைச் சதையோடு அஞ்சாறு நாள் பெட்டியில் போட்டுப் புளிக்க வைத்து, வெயிலில் காய வைத்த பிறகுதான் சாக்லேட் வாசனைக்கான அஸ்திவாரமே விழும். வயநாட்டில் 1965-ல் கேட்பரி கம்பெனி பரிசோதனையாகப் பயிரிட்டதில் ஆரம்பித்த கதை இது. இன்றைக்கு ஆனைமலைத் தோட்டத்திலிருந்தே 'சோக்லெட்' என்ற பிராண்ட் வருகிறது. ஆரோவில்லில் 'மேசன் அண்ட் கோ' இருக்கிறது. ரெண்டும் காஸ்ட்லி, அதனால் முதல் சம்பளத்துக்கு ரிசர்வ் பண்ணி வைங்க. இப்போதைக்கு மளிகைக் கடையில் கிடைக்கிற சாதாரண டார்க் சாக்லேட் பாரே போதும். 50 சதவீதம் கோகோ இருந்தால் நல்லது.

சரி, ஸ்டவ்வைப் பத்த வைங்க!

நாலு பேருக்கு அரை லிட்டர் பால் பாக்கெட் ஒன்று. ஃபுல் கிரீம் பாலில் கொழுப்பு 6 சதவீதம், டோன்டு பாலில் 3 சதவீதம். இந்த ஒரு விஷயத்துக்காவது ஃபுல் கிரீம் வாங்குங்க. டார்க் சாக்லேட் 80 கிராம், இனிப்பு சேர்க்காத கோகோ பவுடர் ரெண்டு டேபிள் ஸ்பூன், சர்க்கரை ரெண்டு டேபிள் ஸ்பூன், கார்ன்ஃப்ளார் ஒரு டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு. உப்பைப் பார்த்து முகம் சுளிக்காதீங்க. கசப்பை அடக்கி சாக்லேட் ருசியைத் தூக்கி விடுவது அதுதான்.

முதல் தடவை நான் பண்ணின தப்பு, கொதிக்கிற பாலில் கோகோ பவுடரை நேராகக் கொட்டியது. குட்டிக் குட்டி உருண்டையாக மிதந்ததே தவிர கரையவே இல்லை. கோகோவில் மிச்சமிருக்கிற கொழுப்பு தண்ணியோடு ஒட்டாது. வெளிப்பக்கம் நனைந்து, உள்ளே உலர்ந்த மாவாகவே இருக்கும். அதனால் பாத்திரத்தில் முதலில் கோகோ, சர்க்கரை, உப்பு மூணையும் காய்ச்சலாகவே கலந்துடுங்க. நாலைந்து ஸ்பூன் சுடுதண்ணி விட்டு தோசை மாவு பதத்துக்குக் குழைங்க. சர்க்கரை நடுவில் புகுந்து பவுடரைப் பிரித்துவிடும். கட்டி கிடையாது, டென்ஷன் கிடையாது.

இப்ப பாலில் ரெண்டு ஸ்பூனைத் தனியா எடுத்து வெச்சிட்டு, மிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமா இந்த விழுதில் ஊத்திக் கலக்கி, மிதமான சூட்டில் வைங்க. எடுத்து வெச்ச ஆறின பாலில் கார்ன்ஃப்ளாரைக் கரைங்க. ஓரத்தில் குமிழி வரும்போது இதை ஊத்தி, ரெண்டு நிமிஷம் கையை எடுக்காமல் கிளறணும். அதுக்குள்ளே மாவு வெந்து, கரண்டியின் பின்பக்கம் ஒட்டுகிற கெட்டி வந்துடும். பச்சை மாவு வாசனை வந்தால் இன்னொரு நிமிஷம்.

அடுப்பை அணைங்க. அணைச்ச பிறகுதான் சாக்லேட்! பொடியாக நறுக்கினதைப் போட்டு, ஒரு நிமிஷம் சும்மா விடுங்க. சூட்டிலேயே உருகட்டும். கொதிக்கக் கொதிக்கப் போட்டால் அடிப்பிடித்து ஒரு கசப்பு வரும், என்ன சர்க்கரை போட்டாலும் போகாது. அப்புறம் மத்து இருந்தால் கடைங்க. மத்து இல்லையா? ரெண்டு டம்ளரை எடுத்து மாயாப் பெண் மாதிரி, டீ மாஸ்டர் மாதிரி ஆத்துங்க. நுரை தானா எழும்பும்.

கூடுதலா ஏதாவது வேணும்னா, ஒரு ஸ்பூன் டிகாஷன் விட்டுப் பாருங்க. காபி ருசி தெரியாது, சாக்லேட் ருசி ரெண்டு மடங்கா தெரியும். ஜலதோஷக்காரர் யாராவது இருந்தால் ஒரு சிட்டிகை சுக்குப் பொடி. அஸ்டெக் மிளகாய்க்கு நம்ம ஊர் பதில்! கருப்பட்டி போடலாமான்னு கேட்பீங்க. போடலாம், ஆனா கொதிக்கிற பாலில் போட்டால் திரிஞ்சுடும் அபாயம் உண்டு. தனியா பாகு காய்ச்சி வடிகட்டி, இறக்கின பிறகு சேருங்க.

ஹாஸ்டல் பார்ட்டிகளே, உங்க ரூமில் ஸ்டவ்வுக்குத் தடை என்றால் வார்டனோடு மல்லுக்கட்ட வேண்டாம். எலெக்ட்ரிக் கெட்டிலுக்கு அனுமதி இருக்கான்னு கேட்டுக்கிட்டு, அதில் தண்ணி மட்டும் கொதிக்க வைங்க. பாலை ஊத்தினால் அடியில் கருகி, பொங்கி வழிந்து, கெட்டிலும் காலி, மெத்தையும் காலி. டம்ளரில் மூணு ஸ்பூன் பால் பவுடர், ஒரு ஸ்பூன் கோகோ, ஒரு ஸ்பூன் சர்க்கரை, நாலு துண்டு சாக்லேட் போட்டு, கொஞ்சமா சுடுதண்ணி விட்டுக் குழைத்த பிறகு மிச்சத்தை ஊத்துங்க. ஒரிஜினலுக்கு ரொம்ப கிட்டத்தில் வந்து நிற்கும்.

கணக்குக்கு வருவோம். பால், பார், பவுடர் எல்லாம் சேர்த்துப் பார்த்தால், காபி ஷாப்பின் ஒரு கப் காசுக்கு இங்கே நாலு டம்ளர் ஓடிடும். கோகோ டப்பா அடுத்த பல வாரத்துக்கு வரும்.

அந்தத் தலைவலிக்காரர் இருக்காரே, அவரை இந்த சனிக்கிழமை ரூமுக்குக் கூப்பிடுங்க. "ட்ரீட்"னு சொல்லாதீங்க, வர மாட்டார். "டேய், வர்ற வழியில ஒரு பால் பாக்கெட் வாங்கிட்டு வா, இங்க ஆத்துறதுக்கு ஆள் பத்தலை"ன்னு சொல்லுங்க. பாக்கெட்டோட வந்து நிற்பார். பால் காசைத் திருப்பிக் கொடுக்கப் போகாதீங்க, அன்றைக்கு அது அவரோட பங்கு. டம்ளரை அவர் கையில் கொடுத்து ஆத்த விடுங்க. பெரும்பாலும் இந்த மாதிரி ஆட்கள்தான் உங்க எல்லோரையும்விட உயரமா ஆத்துவாங்க, வீட்டில் பழக்கம் இருக்கும்.

குடிச்சு முடிச்சதும் பாத்திரத்தில் உடனே தண்ணி ஊத்தி ஊற வைங்க. காய்ஞ்சா கார்ன்ஃப்ளாரும் சாக்லேட்டும் சேர்ந்து சிமென்ட் ஆயிடும். யார் கழுவறதுங்கிறதுக்கு மட்டும் சீட்டு குலுக்கிப் போட்டுக்கங்க. பால் பாக்கெட் வாங்கி வந்தவர் பேரை அதில் சேர்க்காதீங்க!