விழுந்த கை எவ்வளவு எழுந்தது?
பாரிசவாதத்தை அளந்து அறிவோம்

பாரிசவாதம் வந்த ஒருவரைப் பார்க்கப் போனால் நாம் முதலில் கேட்பது "இப்ப எப்படி?" என்பதுதான். "கொஞ்சம் பரவாயில்லை" என்பார்கள், அல்லது "அப்படியேதான் கிடக்கிறார்" என்பார்கள். பயிற்சியைத் தொடர்வதா, வாகனக் கூலி கொடுத்துக் கிளினிக்குக்குப் போவதா என்பதைப் பல குடும்பங்கள் இந்த இரண்டு பதில்களை வைத்தே தீர்மானிக்கின்றன. நெல்லைப் புசலில் அளக்கிறோம், காணியைப் பரப்பில் அளக்கிறோம். ஒரு மனிதரின் விழுந்த கையை மட்டும் கண் மட்டத்தில் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறோம். அதனால் தேறக்கூடிய கை சில வேளை கைவிடப்படுகிறது. தேறாத கையைப் பற்றி வீண் நம்பிக்கையும் கொடுக்கப்படுகிறது.

வைத்தியசாலைகளில் இதற்கென அளவுகோல்கள் உண்டு. அவற்றின் பெயரை நாம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒவ்வொன்றும் எதை அளக்கிறது, எதை அளக்காமல் விடுகிறது என்று அறிந்தால் போதும்.

முதல் நாள் அளவு

மூளைக்குப் போகும் குருதிக்குழாய் அடைபட்டோ வெடித்தோ பாரிசவாதம் ஏற்படுகிறது. அதன் கடுமையை அளக்க இன்று உலகெங்கும் பயன்படுவது, அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகங்களின் அளவுகோல். 1989இல் வெளியான இதில் மொத்தம் 42 புள்ளிகள். 0 என்றால் குறை எதுவும் தென்படவில்லை, புள்ளி கூடக் கூட நோய் கடுமை.

நோயாளிக்கு உணர்வு இருக்கிறதா, மாதத்தையும் தன் வயதையும் சொல்கிறாரா, முகம் கோணுகிறதா, பேச்சுத் தெளிவா என்று பார்ப்பார்கள். கையை உயர்த்தி 10 வினாடி, படுத்தபடி காலை உயர்த்தி 5 வினாடி விழாமல் பிடிக்கச் சொல்வார்கள். பொதுவாக 1 முதல் 4 வரை இலேசானது, 5 முதல் 15 வரை நடுத்தரம், 20க்கு மேல் மிகக் கடுமையானது.

ஆனால் இந்த அளவு விரல்களின் வேலையைக் கணக்கில் எடுப்பதில்லை. கையை 10 வினாடி பிடித்தவருக்கு அந்த இடத்தில் குறை இல்லை என்றே பதிவாகும். அதே கையால் ஒரு தையற்காரருக்கு ஊசி பிடிக்க முடியாதிருக்கலாம். "புள்ளி குறைவு, பயப்பட ஒன்றுமில்லை" என்று அவரை வீட்டுக்கு அனுப்பினால், அவருடைய பிழைப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை என்றே பொருள்.

கை கால் மீளும் படிகள்

சுவீடனில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய இயன்மருத்துவர் சிக்னே புறூன்ஸ்ற்றம், அசைவு மீள்வதை ஆறு படிகளாகப் பிரித்தார். முதற் படியில் கை துவண்டு கிடக்கும். இரண்டாவதில் இறுக்கம் தொடங்கும். மூன்றாவதில் இறுக்கம் உச்சத்துக்கு வரும். அப்போது கையைத் தூக்கச் சொன்னால் தோள், முழங்கை, மணிக்கட்டு எல்லாம் ஒன்றாக மடங்கிக்கொண்டே எழும். நான்காம் படியிலிருந்து ஒவ்வொரு மூட்டும் தனித்தனியாக அசையப் பழகும். ஆறாவதில் அசைவு ஏறக்குறைய இயல்பாகும்.

கை இறுகியதும் சில வீட்டார் நோய் கூடிவிட்டதென்று பயப்படுகிறார்கள். வேறு சிலர் பலம் வந்துவிட்டதென்று மகிழ்கிறார்கள். இரண்டும் சரியல்ல. அது வழியில் வரும் ஒரு படி. எல்லோரும் ஆறாம் படிவரை ஏறுவதில்லை. எந்தப் படியிலும் நின்றுவிடக்கூடும்.

இந்தப் படிகளை அடியொற்றி, சுவீடனின் கோதன்பேர்க் நகரில் அக்செல் புக்ல்-மையரும் சகாக்களும் 1975இல் ஒரு விரிவான அளவுகோலை அமைத்தார்கள். கைக்கு 66, காலுக்கு 34, ஆக 100 புள்ளிகள். பெரும்பாலான அசைவுகளுக்கு, செய்ய முடியாவிட்டால் 0, அரைகுறையாகச் செய்தால் 1, முழுமையாகச் செய்தால் 2. கண்ணுக்குத் தெரியாத சிறு முன்னேற்றமும் இதில் பதிவாகும்.

செய்ய முடிவது வேறு, மீண்டது வேறு

1965இல் மேரிலாந்தைச் சேர்ந்த மஹோனி, பார்தெல் என்ற இருவர் வெளியிட்ட அளவுகோல், உண்ணுதல், உடுத்தல், குளித்தல், மலசலகூடம் போதல், படியேறுதல் போன்ற பத்துக் காரியங்களை 100 புள்ளிக்குப் பார்க்கிறது. நல்ல கையால் மட்டும் உடுத்திக்கொள்பவருக்கும் இதில் முழுப் புள்ளி கிடைக்கும். அவர் யார் தயவுமின்றி வாழ்கிறார், அது பெரிய காரியம். ஆயினும் விழுந்த கை எழுந்துவிட்டதாக அதற்குப் பொருளில்லை. ஆகவே இரண்டையும் தனித்தனியே கேட்க வேண்டும்.

எவ்வளவு காலம்?

கோப்பன்ஹேகனில் 1,197 நோயாளரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 1995இல் வெளிவந்தது. அன்றாடக் காரியங்களில் அடையக்கூடிய உச்ச நிலையை இலேசான நோயாளரில் 95 வீதமானோர் எட்டரை வாரத்திலும், நடுத்தரமானோர் 13 வாரத்திலும், கடுமையானோர் 17 வாரத்திலும், மிகக் கடுமையானோர் 20 வாரத்திலும் அடைந்திருந்தார்கள். முதல் நாள் அளவு ஏன் தேவை என்பது இதிலிருந்து விளங்கும். கடுமையாக விழுந்தவரை, இலேசாக விழுந்த அயலவரோடு ஒப்பிட்டு இரண்டாம் மாதத்திலேயே கைவிடுவது அநியாயம்.

கையைப் பற்றி நெதர்லாந்து ஆய்வொன்று 2010இல் சொன்னது எளிமையானது. மூன்று நாட்களுக்குள் விரலைச் சற்றேனும் நீட்டவும், தோளைப் பக்கவாட்டில் உயர்த்தவும் முடிந்தவர்களுக்கு, ஆறு மாதத்தில் கைத்திறன் ஓரளவேனும் திரும்பும் வாய்ப்பு 98 வீதம். இரண்டும் முடியாதவர்களுக்கு 25 வீதம். இருபத்தைந்து என்பது குறைவுதான், ஆனால் அது பூச்சியமல்ல.

வீட்டில் ஒரு கொப்பி

முழு அளவையும் எடுப்பது பயிற்சி பெற்றவரின் வேலை. ஆனால் இயன்மருத்துவரிடம் கேட்டறிந்து, வாரமொரு முறை, ஒரே நாளில், ஒரே நேரத்தில் ஒரு கொப்பியில் நாமும் குறித்து வரலாம்:

1. விழுந்த கையை எத்தனை வினாடி உயர்த்திப் பிடித்தார்?
2. எத்தனை விரல்களை நீட்டினார்? கோப்பையைப் பிடித்து விட முடிந்ததா?
3. கதிரையிலிருந்து பிறர் பிடிக்காமல் எழுந்தாரா?
4. விறாந்தையில் குறித்த அதே தூரத்தை நடக்க எத்தனை வினாடி?
5. இந்த வாரம் புதிதாகத் தாமே செய்த காரியம் என்ன?

நடக்கும்போது ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். விழுந்த கையைப் பிடித்தோ அக்குளில் கைகொடுத்தோ தூக்கக் கூடாது, தோள்மூட்டு விலகிவிடும். புதிதாக முகம் கோணினால், பேச்சுக் குழறினால், பலம் திடீரெனக் குறைந்தால் கொப்பியை மூடிவைத்துவிட்டு உடனே 1990 இலவச அம்புலன்சை அழையுங்கள்.

அடுத்த கிளினிக்குக்கு அந்தக் கொப்பியையும் கொண்டு போங்கள். "அப்படியேதான் கிடக்கிறார்" என்று சொல்ல வாயெடுக்கும்போது பழைய பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். போன மாதம் இரண்டு வினாடி நின்ற கை இப்போது ஆறு வினாடி நிற்கலாம். படுக்கையில் இருப்பவருக்கு அதை வாசித்துக் காட்டுங்கள், நாளைய பயிற்சிக்கு அவரை எழுப்புவது அந்த நான்கு வினாடிதான். பல வாரங்களாக எண் மாறவில்லையென்றால் அதையும் மறைக்காமல் இயன்மருத்துவரிடம் காட்டுவோம். பயிற்சியை மாற்றுவதா, நல்ல கையால் வாழப் பழக்குவதா என்று அவரோடும் நோயாளியோடும் சேர்ந்து தீர்மானிப்போம்.