பரணில் இருக்கும் பாட்டி வெள்ளி: எடைக்குப் போடும் முன் என்னவெல்லாம் பார்க்க வேண்டும்?

2025-ம் ஆண்டின் தொடக்கத்தில் கிலோ ஒரு லட்ச ரூபாயை ஒட்டி இருந்த வெள்ளி, அந்த ஆண்டு முடிவதற்குள் இரண்டு லட்சத்தைத் தாண்டியது. விலை இப்படி ஏறும்போது பல வீடுகளில் முதலில் ஞாபகத்துக்கு வருவது பரண்மேல் இருக்கும் டிரங்குப் பெட்டிதான். 'அதுல பாட்டியோட பழைய வெள்ளி சாமான் இருக்குமே, இப்ப யாரு அதைப் புழங்குறா?'

மும்பைத் தமிழர்களுக்கு இன்னொரு அவசரமும் சேர்ந்திருக்கிறது. தாராவியில் மறுசீரமைப்பு, மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பழைய கட்டடங்களை இடித்துக் கட்டும் வேலை. வீடு மாறும்போது பெட்டியைத் திறந்தே ஆக வேண்டும். புது ஃபிளாட்டில் பரண் இருக்காது. அந்த நேரத்தில்தான் மூன்று தலைமுறைச் சாமான் ஒரே மத்தியானத்தில் தராசில் ஏறிவிடுகிறது.

விற்பது தப்பில்லை. பணம் தேவைப்படும்போது உதவத்தான் பெரியவர்கள் வெள்ளி வாங்கி வைத்தார்கள். ஆனால், என்ன விற்கிறோம் என்று தெரிந்து விற்க வேண்டும். உருக்கிய பொருள் திரும்பி வராது.

பெட்டியில் இருப்பது என்ன?

பொதுவாக நாலு ரகம் கிடைக்கும். ஒன்று, பிரிட்டனில் செய்து இங்கே வந்த வெள்ளி: கரண்டி, தேநீர்க் குடுவை, சிகரெட் பெட்டி, புகைப்படச் சட்டம். இரண்டு, பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் மதராஸ், கல்கத்தா, கட்ச் போன்ற இடங்களில் செய்தது. மூன்று, வெள்ளி மாதிரி தெரியும், ஆனால் வெள்ளி இல்லாதது. நான்கு, நம் வீட்டுச் சாமான்: பஞ்சபாத்திரம், குங்குமச் சிமிழ், சந்தனப் பேலா, பன்னீர்ச்செம்பு, குழந்தைக்குப் பால் புகட்டிய பாலாடை, ராஜா தலை போட்ட ரூபாய்கள்.

பொருளைத் திருப்பிப் பாருங்கள். சங்கதி அடிப்பக்கத்தில்தான் இருக்கிறது.

பிரிட்டிஷ் முத்திரையைப் படிப்பது எப்படி?

ஒரு பூதக்கண்ணாடி போதும். இங்கிலாந்தில் செய்த வெள்ளியில் வரிசையாகச் சின்னச் சின்ன முத்திரைகள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்குப் பதில்.

நடந்துபோகும் சிங்கம் இருந்தால், அது ஸ்டெர்லிங் வெள்ளி. அதாவது ஆயிரத்தில் 925 பங்கு சுத்த வெள்ளி. 1544-லிருந்து புழக்கத்தில் இருக்கும் முத்திரை இது.

அடுத்து, எந்த ஊரில் சோதித்தார்கள் என்பது. சிறுத்தைத் தலை என்றால் லண்டன். நங்கூரம் என்றால் பர்மிங்காம். கிரீடம் என்றால் ஷெஃபீல்டு. 1975-ல் ஷெஃபீல்டு கிரீடத்தை விட்டு ரோஜாவுக்கு மாறியது. கோட்டை என்றால் ஸ்காட்லாந்தின் எடின்பரோ. பர்மிங்காமில் கடல் இல்லையே, நங்கூரம் ஏன் என்று கேட்கலாம். இரண்டு ஊர்களும் 1773-ல் சோதனை நிலையம் கேட்டு லண்டனில் முகாமிட்டபோது சந்தித்துப் பேசிய விடுதியின் பெயர் 'கிரீடமும் நங்கூரமும்' என்று ஒரு கதை சொல்வார்கள்.

மூன்றாவது, ஓர் ஆங்கில எழுத்து. அது வருடம். ஆண்டுதோறும் எழுத்து மாறும். அகரவரிசை முடிந்ததும் எழுத்தின் வடிவத்தையும் சுற்றியுள்ள கேடயத்தின் வடிவத்தையும் மாற்றி மறுபடி ஆரம்பிப்பார்கள். அதனால் எழுத்தை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். அதே ஊரின் அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். இந்த அட்டவணைகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

பழைய வெள்ளியில் ராஜா அல்லது ராணியின் தலை தனி முத்திரையாக இருந்தால், அது பொதுவாக வரி கட்டியதற்கான அடையாளம். 1784 முதல் 1890 வரை மட்டுமே இதைக் குத்தினார்கள். எனவே, அந்த வரி முத்திரை இருந்தால் உங்கள் கரண்டிக்குக் குறைந்தது 130 வயது. கடைசியாக இருக்கும் இரண்டு மூன்று எழுத்துகள், செய்தவர் அல்லது சோதனைக்கு அனுப்பிய நிறுவனத்தின் பெயர்ச் சுருக்கம்.

சிங்கம் இல்லாவிட்டால் போலியா?

அவசரப்படாதீர்கள். பிரிட்டிஷ் இந்தியாவில் இங்கிலாந்து மாதிரியான கட்டாய முத்திரை முறை இருக்கவில்லை. இங்கே தொழில் செய்த ஐரோப்பியக் கடைகள் தங்கள் பெயரையும், சில சமயம் ஆங்கில முத்திரை போலவே தோன்றும் சொந்தக் குறிகளையும் குத்தின. கல்கத்தாவின் ஹாமில்டன் நிறுவனம் இதில் பிரபலம். கட்ச் வெள்ளிக்கு புஜ் நகரின் ஊமர்சி மாவ்ஜி பெரிய பெயர்.

நமக்கு நெருக்கமானது மதராஸ். 1849-ல் தொடங்கிய பி.ஓர் அண்ட் சன்ஸ் கடிகாரத்துக்கு மட்டும் பெயர் வாங்கவில்லை. ஐரோப்பியத் தேநீர்க் குடுவையின் வடிவத்தை எடுத்துக்கொண்டு, அதன் உடம்பெல்லாம் நம் ஊர்க் கோயில் தூண்களில் இருப்பதுபோல் தெய்வ உருவங்களைப் புடைத்து எழுப்பிய வேலை இங்கேதான் செழித்தது. ஏலக் கூடங்களில் இதற்கு 'ஸ்வாமி சில்வர்' என்று பெயர். 1875-76-ல் வேல்ஸ் இளவரசர், அதாவது பின்னாளில் ஏழாம் எட்வர்ட் மன்னரானவர், இந்தியாவுக்கு வந்துபோன பிறகு இதன் மோகம் பிரிட்டனில் கூடியது. கடை பெயர் ஆங்கிலம். உளி பிடித்த கை நம் ஊர் ஆசாரியின் கை. அந்தக் கைகளில் பெரும்பாலானவற்றின் பெயர் எந்த முத்திரையிலும் இல்லை.

வெள்ளி மாதிரி, ஆனால் வெள்ளி இல்லை

'ஈ.பி.என்.எஸ்.' என்று ஆங்கிலத்தில் குத்தியிருந்தால், அது நிக்கல் கலந்த உலோகத்தின் மேல் மின்முலாம் பூசியது. பர்மிங்காமின் எல்கிங்டன் நிறுவனம் 1840-ல் காப்புரிமை வாங்கிய முறை இது. கிளப்புகளும் ஓட்டல்களும் அதிகம் வாங்கியது இந்த ரகத்தைத்தான். எடைக்குப் போட்டால் வெள்ளி விலை கிடைக்காது. ஆனால் பழைய கிளப், கப்பல் கம்பெனி, ரயில்வே பெயர் பொறித்திருந்தால் அதைத் தேடிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

'ஜெர்மன் சில்வர்' என்பதில் வெள்ளி ஒரு துளிகூடக் கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்தது. காந்தம் ஒட்டவில்லை, எனவே வெள்ளி என்று சொல்வதும் சரியில்லை. இந்தக் கலவையிலும் காந்தம் பொதுவாக ஒட்டாது. விளிம்பிலும் கைப்பிடியிலும் தேய்ந்த இடத்தில் மஞ்சளாகவோ செம்பு நிறமாகவோ தெரிகிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால், பொருளைச் சுரண்டாமலே எக்ஸ்ரே கருவியில் தரம் பார்க்கும் சோதனை மையத்துக்குப் போங்கள். ஜவேரி பஜார் பக்கம் இந்த வசதி உண்டு.

ராஜா தலை ரூபாய்க்கு என்ன மதிப்பு?

1835 முதல் 1939 வரையிலான ஒரு ரூபாய் வெள்ளிக்காசு 11.66 கிராம், சரியாக ஒரு தோலா. அதில் 91.7 சதவீதம் வெள்ளி, அதாவது சுமார் 10.69 கிராம் சுத்த வெள்ளி. கிராம் 200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், உலோக மதிப்பே சுமார் 2,140 ரூபாய். 1940-லிருந்து வெள்ளி பாதியாகக் குறைந்தது. 1947 ரூபாய் வெறும் நிக்கல்.

சில காசுகளுக்கு எடையைத் தாண்டிய விலை உண்டு. 1911-ல் வந்த ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில், மன்னரின் அங்கியில் இருந்த யானைச் சின்னம் பன்றி போலத் தெரிகிறது என்று எதிர்ப்பு கிளம்பியது. 1912-ல் படத்தைத் திருத்தினார்கள். அந்த முதல் பதிப்பைச் சேகரிப்பவர்கள் இன்றும் தேடுகிறார்கள். 1939 ரூபாயும் அரிது. அரிது என்பதாலேயே அதில் போலிகளும் உண்டு.

நாம் தினமும் சொல்லும் 'சவரன்' என்ற சொல்லே பிரிட்டிஷ் தங்கக் காசான சாவரினிலிருந்து வந்ததுதான். அதன் எடை 7.98 கிராம். 1918-ல், அந்த ஓர் ஆண்டு மட்டும், பம்பாயிலேயே சாவரின் அச்சடித்தார்கள். குதிரையின் காலடியில் சின்னதாக 'ஐ' என்ற ஆங்கில எழுத்து இருந்தால், அது பம்பாயில் பிறந்தது.

விற்றால் எவ்வளவு கிடைக்கும்?

ஒரே பொருளுக்கு இரண்டு விலை உண்டு. நகைக்கடைக்காரர் பார்ப்பது எடையும் தரமும். சேகரிப்பவர் பார்ப்பது வயது, செய்தவர், வேலைப்பாடு, நிலைமை. சாதாரணக் கிண்ணத்துக்கு இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். நல்ல ஸ்வாமி சில்வர் குடுவைக்கு இரண்டாவது விலை முதல் விலையைவிட மிக அதிகமாக இருக்கலாம்.

அடகு வைத்தாலும் இதே கதைதான். தங்கம், வெள்ளி மீதான கடனுக்கு ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட விதிகளின்படி, உலோகத்தின் உள்ளார்ந்த மதிப்பை மட்டுமே கணக்கிட வேண்டும். கைவேலைக்கும் வயதுக்கும் அங்கே இடமில்லை. ஆனால் அடகில் ஒரு நன்மை: பொருள் உருகாது, மீட்கலாம். அவசரப் பணத்துக்கு விற்பதா, அடகா என்று யோசிப்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

வரியும் கவனிக்க வேண்டியது. 'பூஜைக்கு வைத்திருந்த காசு, சொந்தப் பயன்பாட்டுப் பொருள், வரி வராது' என்று தோல்பூர் மகாராஜா ஹேமந்த் சிங் தரப்பு வாதாடியது. 1976-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பெரிய தொகைக்கு விற்பதானால் முதலில் ஓர் ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

1972-ன் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டப்படி, நூறு ஆண்டு கடந்த நாணயமும் கலைப்பொருளும் தொல்பொருள். வீட்டில் வைத்திருப்பது குற்றமில்லை. ஆனால், பழமையான உலோகச் சிற்பம் போன்ற சில வகைகளைத் தொல்லியல் துறையிடம் பதிவு செய்ய வேண்டும். தொல்பொருளை வாங்கி விற்பதைத் தொழிலாகச் செய்ய உரிமம் வேண்டும்.

பலரும் தெரியாமல் மாட்டக்கூடியது விமான நிலையத்தில். அமெரிக்காவில் இருக்கும் பேத்திக்குக் கொள்ளுப்பாட்டியின் கூஜாவைக் கொடுத்தனுப்ப ஆசைதான். நூறு வயது தாண்டியிருந்தால் தனிநபர் அதை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. 1911, 1912 ரூபாய்கள்கூட இந்தக் கணக்கில் வந்துவிடும். வயது குறைவு என்றால், தொல்லியல் துறையிடம் 'தொல்பொருள் அல்ல' என்ற சான்றிதழ் வாங்கிக்கொள்வது பாதுகாப்பு.

வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. சோர் பஜாரின் மட்டன் தெருவில் பழம்பொருள் தேடுவது சுகமான பொழுதுபோக்கு. ஆனால் ரசீது இல்லாமல் வாங்காதீர்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, சந்தேகிக்கக் காரணம் இருந்தோ வாங்கினால் பாரதிய நியாய சம்ஹிதையின் 317-வது பிரிவு உங்கள் மேலும் பாயும்.

எதில் ஏமாறுகிறார்கள்?

ராமர் பட்டாபிஷேகமும் அனுமாரும் ஒருபக்கம், '1818 ஈஸ்ட் இந்தியா கம்பெனி' என்று மறுபக்கம் போட்ட காசு ஒன்று ஊரெல்லாம் சுற்றுகிறது. கம்பெனி அப்படி ஒரு காசை வெளியிட்டதே இல்லை. பிற்காலத்தில் செய்த வில்லை அது. அரிசியை இழுக்கும் 'ரைஸ் புல்லர்' கலசமும் இதே குடும்பம். 'உங்கள் பழைய காசுக்குப் பல லட்சம், முதலில் கமிஷன் கட்டுங்கள்' என்று ரிசர்வ் வங்கி பெயரில் அழைப்பு வந்தால் போனை வையுங்கள். தாங்கள் இப்படி எந்தக் கட்டணமும் கேட்பதில்லை என்று 2021 ஆகஸ்டிலேயே அந்த வங்கி எச்சரித்திருக்கிறது.

பளபளவென்று தேய்க்கலாமா?

வெள்ளி கறுப்பதற்குக் காரணம் காற்றில் இருக்கும் கந்தகம். மும்பையின் ஈரக்காற்று அதை இன்னும் வேகப்படுத்தும். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாதீர்கள், அதிலும் கந்தகம் உண்டு. மெல்லிய பருத்தித் துணியில் சுற்றி, காற்றுப் புகாத பெட்டியில் வையுங்கள்.

விபூதி போட்டுத் தேய்ப்பது நம் வழக்கம். தினசரிப் பூஜைச் சாமானுக்கு அது சரி. பழைய முத்திரையின் மேல் வேண்டாம். தேயத் தேய சிங்கம் காணாமல் போகும். பல்பொடி, பற்பசை இன்னும் மோசம். சிற்பவேலையின் பள்ளங்களில் இருக்கும் கருமையை விட்டுவிடுங்கள், உருவங்கள் எடுப்பாகத் தெரிவதே அதனால்தான். காசுகளைக் கழுவவே கூடாது. துலக்கிய காசுக்குச் சேகரிப்பவர்களிடம் மதிப்பு இறங்கிவிடும்.

எதை வைத்துக்கொள்வது?

எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள 300 சதுர அடி வீட்டில் இடமிருக்காது. முதலில் பெயர் வெட்டிய பாத்திரங்களைத் தனியாக எடுங்கள். நம் வீடுகளில் பாத்திரம் வாங்கியதும் பெயர் வெட்டும் பழக்கம் உண்டு: யார், யாருக்கு, எந்தத் தேதி, கல்யாணமா சீமந்தமா. பல பெண்களின் பெயர் எழுத்தில் பதிவானது ரேஷன் அட்டைக்கு அடுத்தபடி அந்தச் சொம்பில்தான் இருக்கும். எடை போடும் இடத்தில் அதற்கு ஒரு பைசா கிடையாது.

பிறகு, வீட்டில் மூத்தவரை உட்காரவைத்து ஒவ்வொரு பொருளாகக் காட்டிக் கேளுங்கள். 'இது யாரு கொடுத்தது? எந்த ஊர்ல வாங்கினது? எப்ப பம்பாய்க்கு வந்துச்சு?' பேசுவதைப் போனில் பதிவு செய்யுங்கள். பொருளையும் முத்திரையையும் பெயரையும் படம் எடுங்கள். எடையைக் குறித்துவையுங்கள். திருட்டுப் போனால் போலீஸிலும், பங்கு பிரிக்கும்போது வீட்டிலும் அந்தக் குறிப்பு உதவும்.

விற்க முடிவெடுத்தால், குறைந்தது இரண்டு இடத்தில் விலை கேளுங்கள்: ஒன்று நகைக்கடை, இன்னொன்று பழம்பொருள் தெரிந்தவர். அதற்கு முன் அந்த அடிப்பக்கத்தை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிடுங்கள்.