பெயிண்ட் அடிக்காமல் விற்றுப் பாருங்கள்

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் தனி வீடுகள் ஒவ்வொன்றாக அடுக்குமாடிக் குடியிருப்புகளாகிக்கொண்டிருக்கின்றன. வீட்டைக் காலி செய்யும்போது பீரோ, கட்டில், பித்தளைப் பாத்திரம் எல்லாவற்றுக்கும் சீக்கிரமே வழி பிறந்துவிடும். மாடிப்படிக்குக் கீழே கோணிச் சாக்கு போர்த்திக் கிடக்கும் பழைய சின்ன வண்டிக்கு மட்டும் யாரும் முடிவு சொல்ல மாட்டார்கள். அது டிவிஎஸ் 50 ஆக இருக்கலாம். என்ஃபீல்டு மினி புல்லட்டாகவோ, சில்வர் பிளஸ்ஸாகவோ, அபூர்வமாக ஒரு ராஜ்தூத் ஜி.டி.எஸ். ஆகவோ இருக்கலாம். கடைசியில் பெரும்பாலானவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். காயலான் கடைக்காரரைக் கூப்பிட்டு எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். இல்லையென்றால் கையிலிருந்து பணம் போட்டு, டிங்கரிங் பார்த்து, பெயிண்ட் அடித்து, சீட்டுக்குப் புது உறை தைத்து, பளபளவென்று விற்கப் பார்க்கிறார்கள். இரண்டிலுமே விற்பவருக்கு நஷ்டம். வண்டி எப்படி நிற்கிறதோ அப்படியே, ஒரு ஸ்குரூவைக்கூடத் தொடாமல், ‘இது ஓடாது, புதுப்பிக்க வேண்டிய வண்டி’ என்று வெளிப்படையாகச் சொல்லி விற்பதுதான் நியாயமான விலைக்கு வழி.

வெளிநாடுகளில் சின்ன பைக் என்றால் அது விளையாட்டுச் சாமான் போன்றது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படை பாராசூட்டில் இறக்கிய 98 சி.சி. வெல்பைக் அந்த வம்சத்தின் முன்னோடிகளில் ஒன்று. 1961இல் டோக்கியோ அருகே ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில் பிள்ளைகள் ஓட்டுவதற்காக ஹோண்டா செய்த குட்டி வண்டிதான் பிறகு ‘மங்கி’ என்று உலகம் முழுக்கப் போனது. நம் ஊர்க் கதை வேறு. இங்கே சின்ன வண்டிதான் ஒரு குடும்பத்தின் முதல் வண்டி. குட்டி பைக் என்ற தோற்றத்துக்கு மிக அருகில் வந்தது, ஃபரிதாபாத்தின் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் தயாரித்த ராஜ்தூத் ஜி.டி.எஸ். 1973இல் வந்த ‘பாபி’ இந்திப் படத்தில் ரிஷி கபூர் ஓட்டியதால் அதற்கு ‘பாபி ராஜ்தூத்’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. மற்றவை பெரும்பாலும் தமிழ்நாட்டுப் பிறப்புகள். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூரில் புல்லட் மட்டும் செய்யவில்லை. வில்லியர்ஸ் என்ஜின் பொருத்திய ஃபான்டாபுலஸ் ஸ்கூட்டரையும், பிற்பாடு 200 சி.சி. டூ ஸ்ட்ரோக் மினி புல்லட்டையும் அதே நிறுவனம்தான் விற்றது. 1980களில் ஜெர்மனியின் சூன்டாப் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தில் சில்வர் பிளஸ், எக்ஸ்ப்ளோரர் ஆகிய 50 சி.சி. வண்டிகள் ராணிப்பேட்டையிலிருந்து வந்தன. 1980இல் ஓசூரில் பிறந்த டிவிஎஸ் 50, இந்தியாவில் இரண்டு பேர் உட்கார்ந்து போகக்கூடிய முதல் மொபெட். இவற்றில் பல இன்று கண்ணில் படுவதே அரிது. மலிவான வண்டி என்பதால் யாரும் பத்திரப்படுத்தவில்லை. தேயும்வரை ஓட்டினார்கள், பிறகு எடைக்குப் போட்டார்கள். தப்பிப் பிழைத்த ஒன்றுக்கு இன்று மதிப்பு இருப்பதே அதனால்தான்.

இப்படி ஒரு வண்டியைத் தேடி வருகிறவர் ஓட்டிப் பார்த்து வாங்க வருவதில்லை. தொழிற்சாலையிலிருந்து எப்படி வெளியே வந்ததோ, அந்த நிலையை மீட்க வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்கு அவருக்குச் சாட்சியம் வேண்டும். பெட்ரோல் டேங்கின் அடியில், வெயில் படாத இடத்தில் ஒட்டியிருக்கும் பழைய நிறம்தான் அசல் நிறம் எது என்பதற்கான ஒரே ஆதாரமாக இருக்கும். டேங்கின் பக்கவாட்டில் பாதி உரிந்த ஸ்டிக்கரை அளந்து வைத்துக்கொண்டால் அதே அளவில் புதிதாக அடித்துவிடலாம்; அதைச் சுரண்டி எடுத்துவிட்டால் எங்கே ஒட்டியிருந்தது, எந்தச் சாய்வில் இருந்தது என்று சொல்ல ஆளில்லை. போல்ட்டின் தலையில் ஸ்பானர் பட்ட காயம் இல்லையென்றால் அந்த என்ஜின் திறக்கப்படவே இல்லை என்று அனுபவசாலி கண்டுகொள்வார். மலிவான பெயிண்ட் வேலை இத்தனையையும் ஒரே நாளில் அழித்துவிடும். அதோடு, பெயிண்ட்டுக்கு அடியில் பட்டி எவ்வளவு, ஓட்டை எவ்வளவு என்ற சந்தேகத்தையும் கிளப்பும். வாங்கியவர் அந்தப் பெயிண்டைத் திரும்பச் சுரண்டித்தான் வேலையையே தொடங்க வேண்டும். விற்பவர் செலவழித்த பணம் வாங்குபவருக்குக் கூடுதல் செலவாகப் போய் முடிகிறது.

இதையே சட்டமும் ஒரு வகையில் சொல்கிறது. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் ‘விண்டேஜ்’ வாகனங்களுக்கென்று தனிப் பதிவு முறை வந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைத் தாண்டிய இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களுக்கு அது பொருந்தும். ஆனால் வண்டி அசல் வடிவத்தில் பராமரிக்கப்பட்டிருக்க வேண்டும். சேஸிலோ பாடியிலோ என்ஜினிலோ பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவு எண்ணில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும், பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், அன்றாட ஓட்டத்துக்கோ தொழிலுக்கோ அந்த வண்டியைப் பயன்படுத்தக் கூடாது. 1970களின் தொடக்கத்தில் பதிவான ஒரு பாபி ராஜ்தூத் இந்தக் கணக்கில் இப்போதே வந்துவிடுகிறது. முதல் டிவிஎஸ் 50க்கு 2030 வரை பொறுக்க வேண்டும். அதுவரை அதன் அசல் தன்மையைக் கெடுக்காமல் வைத்திருப்பவரிடம்தான் அந்த வாய்ப்பும் மிஞ்சியிருக்கும்.

‘குறையை நாமே சொன்னால் அடிமாட்டு விலைக்குக் கேட்பார்களே’ என்பதுதான் எல்லோரும் எழுப்பும் ஆட்சேபம். நியாயமான பயம்தான், ஆனால் கணக்கு வேறு மாதிரி வேலை செய்கிறது. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970இல் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். 2001இல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசுக்கு அந்தச் சிந்தனைதான் அடிப்படை. வண்டியின் உண்மை நிலை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் எல்லா வண்டியையும் மோசமான வண்டியாகவே பாவித்து விலை சொல்வார். நல்ல வண்டி வைத்திருப்பவர் அந்த விலைக்கு மனம் ஒப்பாமல் சந்தையை விட்டே விலகிவிடுவார். மாடிப்படி வண்டிக்கு இது அப்படியே பொருந்தும். என்ஜின் ஜாம் என்று தெரிந்தால், சிலிண்டரை போர் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டன் மாற்ற என்ன ஆகும் என்று வாங்குபவர் ஒரு தொகையைக் கழிப்பார். என்ஜின் எப்படி இருக்கிறது என்றே தெரியாவிட்டால், கிராங்க் போய்விட்டது, கேஸ் உடைந்துவிட்டது என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கழிப்பார். தெரிந்த குறையைவிடத் தெரியாத குறைதான் விலையை அதிகம் இறக்குகிறது.

சென்னையில் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டிய விஷயங்கள் இரண்டு உண்டு. ஒன்று கடல் காற்று. சாந்தோம், பெசன்ட் நகர், அடையாறு வீடுகளில் நின்ற வண்டியில் துரு வெளியே தெரிவதைவிட உள்ளே அதிகம். மட்கார்டின் உட்பக்கம், சீட்டுக்கு அடியில் உள்ள தகடு, டேங்கின் உள்பக்கம் மூன்றையும் டார்ச் அடித்துப் படம் எடுத்துக் காட்டிவிட வேண்டும். இன்னொன்று வெள்ளம். 2015 டிசம்பரில் அடையாற்றங்கரையின் தரைத்தளங்களில் எத்தனையோ வண்டிகள் தண்ணீரில் மூழ்கி நின்றன. அப்படி நின்ற வண்டி தன் கதையைத் தானே சொல்லும். ஸ்போக்குகளில் ஒரே மட்டத்துக்குக் கோடு போட்டாற்போல் துரு இருக்கும். ஹெட்லைட் கிண்ணத்தைத் திறந்தால் அடியில் மெல்லிய வண்டல் படிந்திருக்கும். மேக்னெட்டோ மூடியைக் கழற்றினால் காயிலின் மேல் பச்சை பூத்திருக்கும். அனுபவசாலி இதை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். விற்பவர் முதலிலேயே சொல்லியிருந்தால் அது பேரத்தில் ஒரு வரியோடு போகும். மறைத்துப் பிடிபட்டால், அதன் பிறகு அவர் சொல்லும் உண்மைகளையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

‘ஒருமுறை ஸ்டார்ட் ஆகும் சத்தத்தைக் கேட்டால் விலை கூடுமே’ என்று கிக்கரை ஓங்கி மிதிக்கிறவர்கள் உண்டு. பல ஆண்டு நின்ற டூ ஸ்ட்ரோக் என்ஜினில் பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கும். பலவந்தமாகச் சுற்றினால் ரிங் உடைந்து போர்ட்டில் மாட்டும், சிலிண்டர் முழுக்கக் கீறல் விழும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி எண்ணெய் விட்டுச் சில நாள் ஊறவிட்டுத் தளர்த்தக்கூடிய என்ஜின், ஐந்து உதையில் லேத்துப் பட்டறைக்குப் போகும் என்ஜினாகிவிடும். பழைய பெட்ரோல் கோந்து போல் இறுகி கார்புரேட்டர் ஜெட்டை அடைத்திருக்கும். அதன் மேல் புது பெட்ரோல் ஊற்றினால் டேங்கில் இருக்கும் துருவும் சேர்ந்து கீழே இறங்கும். ‘ஓடி நின்ற வண்டி, எந்த ஆண்டிலிருந்து நிற்கிறது, என்ஜின் பிரிக்கப்படவில்லை, கிக்கர் அசைகிறது அல்லது அசையவில்லை’ என்று சொன்னால் போதும். இதற்கு மேல் நிரூபிக்கும் வேலை விற்பவருடையது அல்ல.

உதிரிகள் விஷயத்தில் விற்பவர்கள் தலைகீழாக நினைக்கிறார்கள். என்ஜின்தான் முக்கியம், மற்றதெல்லாம் தகரம் என்று எண்ணிப் பரணில் கிடக்கும் பழைய சாமான்களைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். உண்மையில் என்ஜினுக்கு வழி இருக்கிறது. புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் அலைந்தால் பேரிங், ஆயில் சீல், கேஸ்கட் ஏதாவது பொருந்தும். பொருந்தாததை லேத்தில் கடைந்துகொள்ளலாம். பக்கவாட்டு மூடி, டேங்கில் பதிக்கும் உலோகப் பெயர்ச் சின்னம், ஸ்பீடாமீட்டர், அசல் ஹெட்லைட் வளையம் இவற்றுக்குத்தான் வழி இல்லை. மினி புல்லட்டின் ஒரு பக்க மூடியைத் தேடி ஆண்டுக்கணக்கில் நிற்கும் வண்டிகள் உண்டு. அதனால் கழற்றி வைத்த நட்டு போல்ட், உடைந்த சைலன்சர் மூடி, டூல் கிட், வாங்கிய நாளின் ரசீது, சர்வீஸ் புத்தகம் எதுவாக இருந்தாலும் ஒரு பெட்டியில் போட்டு வண்டியோடு சேர்த்துத்தான் விற்க வேண்டும். என்ஜின் எண், சேஸ் எண் பொறித்த இடங்களை மட்டும் உப்புத்தாளாலோ கம்பி பிரஷ்ஷாலோ தேய்க்கக் கூடாது. ஆர்.டி.ஓ. ஆய்வில் பென்சிலால் தேய்த்து அச்சு எடுப்பது அங்கிருந்துதான். எழுத்தின் ஓரம் மழுங்கியிருந்தால் திருட்டு வண்டியோ என்ற சந்தேகம் வந்துவிடும்.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. புகை கக்கும் பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகளை ஏன் உயிர்ப்பிக்க வேண்டும், சட்டமே 15 ஆண்டுக்கு மேல் ஓட்டக் கூடாது என்கிறதே என்று கேட்கிறார்கள். இதில் பாதி தவறான தகவல். 15 ஆண்டுக்கு மேற்பட்ட பெட்ரோல் வண்டிகளுக்கான தடை, தேசிய பசுமைத் தீர்ப்பாயமும் உச்ச நீதிமன்றமும் டெல்லி வட்டாரத்துக்கு விதித்தது. தமிழ்நாட்டில் தனியார் வண்டியின் பதிவு 15 ஆண்டில் முடிந்தாலும், தகுதி இருந்தால் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் இடம் தருகிறது. பதிவுக் காலம் கடந்த அரசு வாகனங்களைத்தான், சில விதிவிலக்குகளோடு, கட்டாயமாக உடைக்க 2023 ஏப்ரலிலிருந்து விதி வந்தது. புகை பற்றிய கவலை உண்மையானது. ஆனால் நகரத்தின் காற்றைக் கெடுப்பது நாள் முழுக்க ஓடும் லட்சக்கணக்கான வாகனங்கள். மாதத்தில் ஓரிரு ஞாயிற்றுக்கிழமை மெரினா வரை போய்வரும் ஒரு மினி புல்லட் அந்தக் கணக்கில் கண்ணுக்கே தெரியாது. சென்னையில் மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் போன்ற அமைப்புகள் பழைய கார்களைக் கண்காட்சிக்குக் கொண்டுவருகின்றன. நடுத்தரக் குடும்பங்கள் ஓட்டிய மொபெட்டுக்கும் அந்த வரிசையில் இடம் உண்டு என்பது என் உறுதியான எண்ணம்.

விற்பவர் பணமும் நேரமும் செலவழிக்க வேண்டியது காகிதத்துக்கு. பெரும்பாலும் ஆர்.சி. புக் அப்பா பேரிலோ தாத்தா பேரிலோ இருக்கும், அவர் இப்போது இருக்க மாட்டார். அந்த நிலையில் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம், 31ஆம் எண் படிவம் ஆகியவற்றோடு முதலில் பெயரைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்டால் பிறகு விற்பனை நேராக நடக்கும். புத்தகம் தொலைந்திருந்தால் காவல்துறையில் தெரிவித்து நகல் கேட்கலாம். 1989க்கு முந்தைய பழைய எண் வண்டிகள் பலவற்றின் விவரம் கணினியில் ஏறாமல் பழைய பதிவேட்டில் மட்டும் இருக்கக்கூடும். விற்பதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்து வைப்பது நல்லது. பதிவு காலாவதியாகியிருந்தால் அதையும் சொல்லிவிட வேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து இருசக்கர வாகனத்தின் பதிவைத் தாமதமாகப் புதுப்பிக்க மாதத்துக்கு 300 ரூபாய் கூடுதல் கட்டணம், 2025 ஆகஸ்ட் முதல் 20 ஆண்டுக்கு மேற்பட்ட பைக்குக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2,000 ரூபாய் என்று விதி இருக்கிறது. நீண்ட காலம் நின்ற வண்டிக்கு இது சிறிய தொகையாக இருக்காது. யார் கட்டுவது என்பதைப் பேரத்திலேயே முடித்துவிட வேண்டும். காகிதமே இல்லாத வண்டியை ‘உதிரிக்காக மட்டும்’ என்று சொல்லித்தான் விற்க வேண்டும். ‘பார்த்துக்கலாம் சார், ஆள் இருக்கு’ என்ற வாக்குறுதியோடு விற்பது பிற்பாடு வழக்கில் போய் நிற்கும்.

‘படிவத்துல கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்துடுங்க, பேரை நாங்க மாத்திக்கறோம்’ என்று வருகிறவர்களிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஓடாத வண்டிதானே, பேர் மாறாவிட்டால் என்ன என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். வாங்கியவர் ஒரு வருடத்தில் அதை ஓட வைத்துவிடுவார், அதற்காகத்தானே வாங்கினார். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் விசாரித்த வழக்கில், ஒரு கார் பல கை மாறிய பிறகு விபத்துக்குள்ளானது. பதிவேட்டில் பெயர் மாறாததால் முதலில் விற்றவர்தான் சட்டப்படி உரிமையாளர், நஷ்டஈட்டுக்கு அவரே பொறுப்பு என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாநிலத்துக்குள் நடக்கும் விற்பனையை விற்பவர் 14 நாளுக்குள்ளும் வாங்குபவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டத்தின் 50ஆவது பிரிவு. 29, 30 ஆகிய படிவங்களில் தேதி எழுதாமல் கையெழுத்துப் போடக் கூடாது. ‘ஓடாத நிலையில், இன்னின்ன குறைகளோடு’ என்று தேதியும் நேரமும் குறிப்பிட்டு இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்படைப்புச் சீட்டு ஒன்றும், வாங்குபவரின் அடையாள ஆவண நகலும் கையில் இருக்க வேண்டும். ஒரு மாதம் கழித்து பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். உரிமையாளர் பெயர் மாறியிருக்காவிட்டால், அந்தச் சீட்டின் நகலோடு அதே வாரம் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவித்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.