நூலைக் கண்டடையும் வழி: பட்டியலாக்கத்தின் புதிய நெறிமுறை – ஓர் அறிமுகம்

முன்னுரை

ஒரு நூலகத்தின் பெருமை அதன் அலமாரிகளிலுள்ள நூல்களின் எண்ணிக்கையால் மட்டும் அமைவதன்று. கேட்டவர் கையில் கேட்ட நூல் சென்று சேரும்பொழுதுதான் நூலகம் தன் கடமையைச் செய்ததாகும். நூல் அலமாரியில் இருக்க, 'இல்லை' என்னும் விடையோடு வாசகர் திரும்புவாராயின், அந்நூல் இருந்தும் இல்லாததே ஆகும். இவ்விழப்பு நேராமற் காப்பது நூற்பட்டியல். வாசகரின் நேரத்தைக் காத்தல் வேண்டும் என்பதைச் சீர்காழி தந்த நூலகவியல் அறிஞர் சீ. இரா. அரங்கநாதன், 1931இல் வெளியிட்ட தம் ஐந்து விதிகளுள் நான்காவதாக வைத்தமை ஈண்டு நினைக்கத்தக்கது.

பட்டியலாக்கத்திற்கென 2010ஆம் ஆண்டில் புதியதொரு நெறிமுறை தோன்றி உலக நூலகங்களிற் பரவி வருகின்றது. 'வள விவரிப்பும் அணுகலும்' என்னும் பொருள்படும் பெயருடைய அதனை ஆர்.டி.ஏ. என்று சுருக்கி வழங்குவர். அந்நெறிமுறை யாது, பழைய விதிகளினின்று அது எவ்வாறு வேறுபடுகின்றது, தமிழ் நூல்களுக்கு அதனாற் பயன் உண்டா என்பனவற்றைத் திருவில்லிபுத்தூர், இராசபாளையம் ஆகிய இரண்டு ஊர்களின் சான்றுகளைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விதிகள் வளர்ந்த வரலாறு

பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகத்திற்காகப் பனிட்சி என்பார் வகுத்த 91 விதிகள் 1841இல் வெளிவந்தன. அமெரிக்கரான கட்டர் 1876இல் தம் விதிகளை வெளியிட்டார். நம் நாட்டில் அரங்கநாதனின் பகுப்புப் பட்டியல் விதித்தொகுப்பு 1934இல் வந்தது. 1961இல் பாரிசு நகரிற் கூடிய அறிஞர்கள் உலகுக்குப் பொதுவான கொள்கைகளை வகுத்தனர். அவற்றின் அடியொற்றி ஆங்கில-அமெரிக்கப் பட்டியலாக்க விதிகள் 1967இலும், அவற்றின் இரண்டாம் பதிப்பு 1978இலும் வெளியாயின. நம் நூலகர்களுட் பலர் பயின்றது இவ்விரண்டாம் பதிப்பையே.

இவ்விதிகள் அட்டையை மனத்திற்கொண்டு எழுந்தவை. ஏறத்தாழ ஐந்து அங்குல நீளமும் மூன்று அங்குல அகலமும் உடைய அட்டையில் அனைத்தும் அடங்கல் வேண்டும். ஆகவே சொற்கள் சுருங்கின. ஆசிரியர் மூவருக்கு மேற்படின் முதல்வர் பெயரோடு 'பிறர்' என்று எழுதி ஏனையோர் விடுபட்டனர். கணிப்பொறி வந்தபின் இடநெருக்கடி நீங்கிற்று. ஆனால் நெருக்கடிக்காக எழுந்த விதிகள் நீங்கவில்லை. 1998இல் பன்னாட்டு நூலகக் கூட்டமைப்பு வெளியிட்ட ஆய்வறிக்கை, பட்டியலை வாசகரின் தேவையிலிருந்து புதிதாக எண்ணிப் பார்த்தது. அதன் விளைவே ஆர்.டி.ஏ. அமெரிக்கக் காங்கிரசு நூலகம் இதனை 2013 மார்ச்சு 31 முதல் நடைமுறைப்படுத்தியது. 2017இல் கூட்டமைப்பு ஏற்ற புதிய மாதிரிக்கு இணங்கத் திருத்தப்பெற்ற வடிவம் 2020 திசம்பரில் அதிகாரபூர்வமாயிற்று.

நான்கு படிநிலைகள்

இந்நெறிமுறையின் உயிர்நாடி, 'நூல்' என்னும் ஒரு சொல்லுள் அடங்கிக் கிடக்கும் நான்கு பொருள்களைப் பிரித்துக் காண்பதாகும். படைப்பு, வெளிப்பாடு, பதிப்புருவம், படி என அவற்றைத் தமிழிற் குறிக்கலாம்.

இதற்கு நம் பகுதியே சிறந்த சான்றொன்றை அளிக்கின்றது. விசயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் பதினாறாம் நூற்றாண்டில் தெலுங்கில் 'ஆமுக்தமால்யத' என்னும் காவியத்தை இயற்றினார். திருவில்லிபுத்தூர்ப் பெரியாழ்வார், ஆண்டாள் ஆகியோரின் வரலாறே அதன் பொருள். அதனைத் தமிழாக்கியவர் இராசபாளையத்தைச் சேர்ந்த பன்மொழிப் புலவர் மு. கு. ஜகந்நாத ராஜா. அத்தமிழாக்கத்திற்கு 1989ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி மொழிபெயர்ப்புப் பரிசு கிடைத்தது. அடுத்தடுத்துள்ள இரண்டு ஊர்களை ஒரு தெலுங்குக் காவியம் இவ்வாறு இணைத்து வைத்துள்ளது.

இங்கே பேரரசரின் உள்ளத்தில் உருவான காவியம் படைப்பு. தெலுங்கு மூலம் ஒரு வெளிப்பாடு. ஜகந்நாத ராஜாவின் தமிழாக்கம் மற்றொரு வெளிப்பாடு. அத்தமிழாக்கம் குறிப்பிட்ட ஆண்டில், குறிப்பிட்ட பதிப்பகத்தாரால் அச்சாகி வந்தது பதிப்புருவம். நூலக முத்திரையோடு அலமாரியில் நிற்கும் ஒற்றை நூல் படி.

இப்பாகுபாட்டாற் பயன் என்ன எனலாம். மொழிபெயர்ப்பாளர் பெயரில் மட்டும் பதிவு இருப்பின், கிருஷ்ணதேவராயரைத் தேடுவோர்க்கு இந்நூல் அகப்படாது. அரசர் பெயரில் மட்டும் இருப்பின், இராசபாளையத்து அறிஞரின் உழைப்பு மறைந்துவிடும். 'விஷ்ணுசித்தீயம்' என்னும் மறுபெயரால் தேடுவோரும் உளர். பழைய விதிகளிலும் துணைப் பதிவுகள் உண்டு. ஆயினும் யார் என்ன செய்தார் என்பதை அவை பெரும்பாலும் சொல்லாமல் விட்டன. புதிய நெறிமுறையோ ஒவ்வொருவர் பெயரோடும் 'ஆசிரியர்', 'மொழிபெயர்ப்பாளர்', 'பதிப்பாசிரியர்' என உறவைச் சொல்லி, மூலத்தையும் ஆக்கத்தையும் ஒன்றோடொன்று பிணைக்கின்றது.

உரைநூல்களின் நிலை வேறு. ஆண்டாள் அருளிய திருப்பாவைக்குப் பெரியவாச்சான் பிள்ளை மூவாயிரப்படியும், அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் ஆறாயிரப்படியும் வரைந்தனர். திருப்பாவையின் மொழிபெயர்ப்பு அப்படைப்பின் வெளிப்பாடாகும். ஆனால் இவ்வுரைகளோ தனிப்படைப்புகளாய் நின்று மூலத்தோடு உறவு கொள்வன. உரையாசிரியரை ஆசிரியராகவே மதித்த தமிழ் மரபுக்கு இது முற்றும் பொருந்துவதாம்.

கண்டதைக் கண்டவாறு எழுதுதல்

நூலின் முகப்பில் உள்ளதை உள்ளவாறே படியெடுத்தல் புதிய நெறிமுறையின் மற்றொரு கொள்கை. அச்சுப்பிழை இருப்பினும் திருத்தாமல் எழுதி, திருத்திய வடிவத்தைத் தேடுதற்குரிய மாற்று வடிவமாகத் தனியே தருதல் வேண்டும். 'பக்.' என்று சுருக்காது 'பக்கங்கள்' என்றே எழுதலாம். வெளியிட்ட ஊர் தெரியாதவிடத்து இலத்தீன் சுருக்கங்களை இடாமல், 'வெளியீட்டிடம் அறியப்படவில்லை' என்று எவர்க்கும் விளங்குமாறு கூறலாம்.

நம் ஊர்ப்பெயர்களை எடுத்துக்கொள்வோம். 'ஸ்ரீவில்லிபுத்தூர்', 'சிறீவில்லிபுத்தூர்', 'திருவில்லிபுத்தூர்' என ஒரே ஊர் மூன்று வடிவில் அச்சாகியுள்ளது. அகரவரிசை அட்டைப்பெட்டியில் இவை மூன்றும் வெவ்வேறு இழுப்பறைகளிற் போய்ச் சேரும். 'ராஜபாளையம்', 'இராஜபாளையம்', 'இராசபாளையம்' என்பனவற்றின் நிலையும் அதுவே. கணிப்பொறியும் இவை ஓர் ஊரே என்பதைத் தானே அறியாது; அறிவிப்பது பட்டியலாளர் கடமை. முகப்பிலுள்ள வடிவத்தை நூற்பதிவில் அப்படியே எழுதி, ஒரு வடிவத்தை ஏற்புடையதாகக் கொண்டு, மற்றவற்றை அதனோடு இணைப்பதே வழி. மாவட்டப் பெயரும் அவ்வாறே. திருநெல்வேலிச் சீமையில் இருந்த இப்பகுதி 1910இல் இராமநாதபுரம் மாவட்டத்திற் சேர்ந்தது. 1985இல் காமராசர் மாவட்டமாயிற்று. பின்னர் விருதுநகர் மாவட்டம் எனப் பெயர் பெற்றது. முகப்பிலுள்ள மாவட்டப் பெயரை இன்றைய வழக்கிற்கேற்ப மாற்றுவோமாயின் நூலின் வரலாற்றையே அழித்தவராவோம்.

ஆண்டினைக் குறிப்பதிலும் விழிப்பு வேண்டும். முகப்பில் 'பிரபவ வருடம்' என்று மட்டும் இருப்பின், அது 1867-68ஆகவும் இருக்கலாம், 1927-28ஆகவும் இருக்கலாம். அறுபதாண்டுச் சுழற்சியுள் எது என்பதை அச்சுக்கூடத்தின் பெயர், எழுத்தமைதி, தாள் ஆகியவற்றைக் கொண்டு ஆய்ந்து, பகர அடைப்பினுள் எழுதுதல் முறை. ஐயம் இருப்பின் வினாக்குறி இடுதல் வேண்டும். 'ஹிஜ்ரி 1300' என்றிருப்பின் அதனை அவ்வாறே எழுதி, 1882-83 என்பதை உடன் சேர்த்தல் வேண்டும். பழைய தமிழ் நூல்கள் பலவற்றில் வெளியிட்டோர் பெயரின்றி அச்சுக்கூடத்தின் பெயரே காணப்படும். அச்சிட்டோரை வெளியிட்டோராகக் கொள்ளும் மயக்கத்திற்கு இடமின்றி, வெளியீடு, விநியோகம், அச்சாக்கம் என்பனவற்றைப் புதிய நெறிமுறை தனித்தனியே பதியச் செய்கின்றது.

பெயர்கள் எழுப்பும் வினா

குடும்பப் பெயரை முன்னே வைத்தல் மேனாட்டு வழக்கம். தமிழர்க்குப் பெரும்பாலும் குடும்பப் பெயர் இல்லை. ஊர்ப்பெயரும் தந்தை பெயரும் முதலெழுத்துகளாய் முன்னிற்க, இடுபெயரே உரிய பெயராகும். 1978ஆம் ஆண்டு விதிகளும் இதனை ஏற்றிருந்தன. அரங்கநாதனும் 1955இல் வெளியிட்ட ஒப்பீட்டு நூலில் பல்வேறு பண்பாட்டுப் பெயர்களின் சிக்கலை விரிவாக ஆராய்ந்துள்ளார்.

இசுலாமியத் தமிழ்ப் புலவர்களின் பெயர்களில் இச்சிக்கல் மிகுதி. உமறுப் புலவரின் சீறாப்புராணத்தை 1842இல் அச்சேற்றிய செய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் புலவரைச் 'சேகனாப் புலவர்' என்றும் 'புலவர் நாயகம்' என்றும் வழங்குவர். குணங்குடி மஸ்தான் சாகிபின் இயற்பெயர் சுல்தான் அப்துல் காதிர். இரண்டு பெயரிலும் 'அப்துல் காதிர்' இருப்பதால், அச்சொல்லை மட்டும் பற்றிச் சென்றால் இருவரையும் ஒருவராக்கும் பிழை நேரும். எப்பெயரால் ஒருவர் பெரிதும் அறியப்படுகின்றாரோ அதனையே ஏற்புடைய பெயராகக் கொண்டு, ஏனையவற்றை மாற்று வடிவங்களாக இணைத்தல் வேண்டும். பெரியாழ்வாரை விஷ்ணுசித்தர், பட்டர்பிரான் என்னும் பெயர்களோடும், ஆண்டாளைக் கோதை என்னும் பெயரோடும் இணைப்பதும் இம்முறையாலேயே.

அரபுத்தமிழ் நூல்களுக்கும் இந்நெறிமுறையில் உரிய இடம் உண்டு. மொழி தமிழ், எழுத்து அரபு என்று இரண்டையும் தனித்தனியே பதியலாம். எழுத்தை மட்டும் நோக்கி அவற்றை அரபு நூல்களோடு சேர்த்துவிடின், தமிழிலக்கிய ஆய்வாளர் கண்ணுக்கு அவை என்றும் புலப்படா.

சிறு நூலகங்கள் செய்யக்கூடுவன

இந்நெறிமுறையின் முழு வடிவத்தைக் கட்டணம் செலுத்தியே இணையத்திற் காண இயலும். சிறிய நூலகங்களுக்கு அச்செலவு எளிதன்று. மேலும், நான்கு படிநிலைப் பாகுபாடு தொடக்கத்திற் கடினமாகத் தோன்றும் என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆயினும் அதன் உட்கருத்தைக் கைக்கொள்ளப் பொருட்செலவு தேவையில்லை. முகப்பை உள்ளவாறே எழுதுதல். ஆசிரியர் நால்வராயினும் எழுவராயினும் இயன்றவரை அனைவர் பெயரையும் தருதல். ஒவ்வொருவர் பணியையும் குறித்தல். ஊருக்கும் புலவர்க்கும் மாற்றுப்பெயர்ப் பட்டியல் ஒன்றை வளர்த்தல் – இந்நான்கையும் எந்த நூலகமும் நாளையே தொடங்கலாம்.

1875இல் தோன்றிய திருவில்லிபுத்தூர்ப் பென்னிங்டன் நூலகம் ஒன்றரை நூற்றாண்டைக் கண்டது. அச்சேறிய தமிழ் நூல்களுக்கு மர்டாக் 1865இல் வகைப்படுத்திய பட்டியல் வெளியிட்டார். பட்டியலும் நூலகமும் இத்துணைக் காலமாக நம்மிடை இருந்தும், வட்டார நூல்களும் சிறுவெளியீடுகளும் இன்னும் பலவாக எப்பட்டியலிலும் ஏறாமல் இருக்கின்றன. கல்லூரி மலர்களே அதற்குச் சான்று. ஒரு மலரில் முப்பது கட்டுரைகள் இருப்பினும் அதற்கு ஒரே பதிவுதான். அதனுள் எழுதியோர் எவரும் பட்டியலில் தோன்றார். முழுமைக்கும் பகுதிக்குமுள்ள உறவைப் பதியும் புதிய நெறிமுறை அக்குறையையும் போக்கவல்லது.

முடிவுரை

பட்டியல் என்பது வெறும் எழுத்தர் பணியன்று. ஒரு சமுதாயம் தன் அறிவுச் செல்வத்திற்கு எழுதிவைக்கும் உரிமைப் பத்திரம். விதிகள் மாறும், ஆர்.டி.ஏ.யும் ஒருநாள் பழையதாகும். வாசகரையும் நூலையும் ஒன்றுசேர்க்கும் நோக்கம் மட்டும் மாறாது. ஆகவே தமிழ்த்துறை மாணவர்கள் தத்தம் ஊரில் உள்ள பழைய நூல்களின் முகப்பை ஒரு குறிப்பேட்டில் எழுதத் தொடங்குவார்களாக. பரண்களிலும் பெட்டிகளிலும் நூல்களைப் பேணி வரும் பெரியோர்கள், அவற்றைக் காட்டி உதவுவார்களாக. பேராசிரியர்கள் அக்குறிப்புகளைச் செம்மை செய்து நூலகத்திற்கு அளிப்பார்களாயின், இன்று 'இல்லை' எனத் திருப்பி அனுப்பப்படும் வாசகர் ஒருவர்க்கு நாளை அந்நூல் கிடைக்கும்.