திறந்து பார்க்க முடிந்த பெட்டி

வில்லிவாக்கத்தில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு துவைக்கும் கல் உண்டு. 1986 கோடை விடுமுறையில் இரண்டு வாரம் அதில் யாரும் துணி துவைக்கவில்லை. அப்பாவின் அம்பாசிடர் கியர் பாக்ஸ் அதன்மேல் கிடந்தது. இரண்டாவது கியரில் போகும்போது ஆக்ஸிலேட்டரை விட்டால் கியர் ராடு தானாக நியூட்ரலுக்குக் குதித்துவிடும். அப்பா ஒரு கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டே மறுகையால் வண்டி ஓட்டியது எனக்கு நினைவிருக்கிறது.

பஸ் டிப்போவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு மேஸ்திரி வந்தார். மரக்கட்டைகளை அடுக்கி வண்டியை நிறுத்தி, புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றி, ஆயிலை வடித்து, பெட்டியை மார்பின்மேல் தாங்கியபடி பின்பக்கமாக இழுத்து இறக்கினார். வார்ப்பிரும்புப் பெட்டி, தூக்க அப்பாவும் கை கொடுக்க வேண்டியிருந்தது. உள்ளே இருந்ததெல்லாம் மண்ணெண்ணெயில் குளித்து, பனியன் வேஸ்டில் துடைபட்டு, தினத்தந்தித் தாளின்மேல் வரிசையாக உட்கார்ந்தது. "தம்பி, கழட்டின வரிசையிலேயே வை. வரிசை போச்சுன்னா பாக்ஸ் போச்சு" என்றார் மேஸ்திரி. அந்த வரிசைக்குக் காவல் நான். காகம் வந்தால்கூட விரட்டுவேன்.

பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரிலிருந்து பிறந்து, மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் தயாரான வண்டி அம்பாசிடர். எங்களுடையது 1489 சிசி, நான்கு கியர். முதல் கியருக்கு மட்டும் சின்க்ரோமெஷ் கிடையாது. மற்ற கியர்களில், பற்கள் கோப்பதற்கு முன் ஒரு பித்தளை வளையம் கூம்பின்மேல் உரசி, வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரண்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்துவிடும். முதல் கியரில் அந்த வேலையை ஓட்டுநரின் காலும் காதும்தான் செய்தாக வேண்டும். வண்டி முழுதாக நிற்க வேண்டும், இல்லையென்றால் டபுள் கிளட்ச் அடிக்க வேண்டும். பொறுமையில்லாத ஓட்டுநரின் வண்டியில் முதல் கியரின் பல் ஓரம் சிதைந்திருக்கும். ஓட்டியவரின் குணத்தைப் பல்லில் படிக்கலாம் என்று மேஸ்திரி சொன்னதை அன்றுதான் முதலில் கேட்டேன்.

லே ஷாஃப்டைச் செம்புக் கம்பியால் தட்டி வெளியே தள்ளியதும் அதன் பல்சக்கரத் தொகுதி பெட்டியின் அடியில் போய்ப் படுத்தது. அப்போதுதான் மெயின் ஷாஃப்ட் வெளியே வர வழி கிடைக்கிறது. இரண்டாவது கியரின் கோக்கும் பற்கள் மழுங்கிப் போயிருந்தன. திரஸ்ட் வாஷரும் தேய்ந்து ஆட்டம் கொடுத்திருந்தது. புதுக் கியர் வாங்கும் வசதி அப்பாவுக்கு இல்லை. புதுப்பேட்டையில் கடை கடையாக ஏறி, பழைய பெட்டி ஒன்றிலிருந்து நல்ல பல்லோடு ஒரு கியரைப் பொறுக்கி வந்தார்கள். வாஷரை அம்பத்தூரில் ஒரு லேத்தில் கடைந்து வாங்கினார்கள். பேக்கிங் கடையில் வாங்கியதல்ல. தடித்த தாளைப் பெட்டியின் விளிம்பில் வைத்துச் சின்னச் சுத்தியலால் சுற்றித் தட்ட, விளிம்பே கத்தியாகி அதை வெட்டியது. நீடில் ரோலர்களை ஒவ்வொன்றாகக் கிரீஸில் ஒட்டவைத்து, ஷாஃப்டின் பருமனுக்குச் சீவிய மரக்குச்சியை உள்ளே விட்டுப் பிடித்துக்கொண்டார் மேஸ்திரி. அசல் ஷாஃப்ட் ஒருபுறம் நுழைய, குச்சி மறுபுறம் வெளியேறியது. அவரிடம் ஒரு புத்தகமும் இல்லை. தெரிந்ததெல்லாம் கையில் இருந்தது. அவருடைய கை போனபோது அதுவும் கூடவே போயிற்று. அன்றைய காலத்தைப் பற்றி எனக்குள்ள பெரிய குறை இதுதான்.

போன வருடம் தங்கை மகன் ஒரு பழைய மாருதி 800 வாங்கினான். மூன்றாவது கியர் போடும்போது கரகரவென்று பல் உரசியது. "மாமா, நாமளே பிரிச்சிருவோமா?" என்றான். இதுவும் மொட்டைமாடிப் படிக்கட்டின் கீழ் வீட்டிலேயே நடந்தது. முன்சக்கர இழுவை வண்டி என்பதால் டிஃபரன்ஷியலும் கியரோடு ஒரே அலுமினியக் கூட்டுக்குள் இருக்கிறது. இருவர் சிரமமின்றித் தூக்கினோம். கேஸைப் பிளந்ததும் இரண்டு ஷாஃப்டும் கோத்தபடியே கைக்கு வந்தன. அவன் ஒவ்வொரு போல்ட்டைக் கழற்றும் முன்பும் கைப்பேசியில் படம் எடுத்தான். சர்வீஸ் மேனுவலின் பக்கங்கள் அதே கைப்பேசியில் இருந்தன. மேஸ்திரி நகத்தால் தடவி முடிவு சொன்ன வளையத் தேய்மானத்தை அவன் ஃபீலர் கேஜ் வைத்து அளந்தான். பேக்கிங் இருந்த இடத்தில் இப்போது அனபாண்ட் பேஸ்ட். அந்த மேஸ்திரியின் வேலையை அவரைப் பார்த்தேயிராத ஒரு பையன் செய்து முடித்தான். இன்றைய காலத்தின் இந்தக் கொடையை நான் மனதாரப் போற்றுகிறேன்.

ஆனால் படிக்க வழி திறந்த அதே வருடங்களில்தான் பெட்டி மூடிக்கொண்டது. 2014 ஜனவரியில் மாருதி 800 தயாரிப்பு நின்றது. பிப்ரவரியில் கிளட்ச் பெடல் இல்லாத ஏஎம்டி கியருடன் செலேரியோ வந்தது. மே மாதம் உத்தரபாரா ஆலை மூட, அம்பாசிடர் முடிந்தது. ஏஎம்டி பெட்டிக்குள் சுழல்வது பழைய பல்சக்கரங்களும் பித்தளை வளையங்களும்தான். கிளட்சை மிதிப்பதும் கியரை மாற்றுவதும் மட்டும் கணினி சொல்ல, ஆயில் அழுத்தத்தில் நடக்கின்றன. கழற்றி மாட்டிவிடலாம், ஆனால் கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்பதை ஸ்கேனர் வைத்து அதற்குக் கற்றுத்தர வேண்டும். அந்தக் கருவி வீட்டுப் பின்கட்டில் இருக்காது.

அதே 2014 ஆகஸ்டில், உதிரி பாகங்களையும் பழுதுபார்க்கும் தகவலையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் தடுத்ததாக 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2,500 கோடி ரூபாய்க்கும் மேல் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2022 டிசம்பரில் மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் தொடங்கியபோது அதில் வாகனத் துறையையும் சேர்த்தது. இது பாதி வழிதான். ஸ்கேனரும் அதன் மென்பொருளும் தெருமுனை மெக்கானிக் வாங்கும் விலையில் கிடைக்க வேண்டும். காசு கொடுத்து வாங்கிய வண்டியைத் திறந்து பார்ப்பது வாங்கியவரின் உரிமை.

பழைய கியர் பாக்ஸ் ஒன்று உங்கள் வீட்டில் கிடந்தால் எடைக்குப் போடாதீர்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பிரியுங்கள். அம்பாசிடர் பெட்டியென்றால் சின்க்ரோ ஹப்பிலிருந்து ஸ்லீவை இழுக்கும் முன் ஒரு துணியால் நன்றாகச் சுற்றிக்கொள்ளுங்கள். உள்ளே ஸ்பிரிங்கின்மேல் மூன்று குண்டுகள் இருக்கின்றன. துணி இல்லையென்றால் தெறித்துப் போய்விடும்.