காலில் தொடங்கும் பாட்டு

காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு போகும் சாலையில் வாலாஜாபாத்தைத் தாண்டினால் பழையசீவரம். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடம். பொங்கலை ஒட்டிக் காஞ்சி வரதர் பார்வேட்டைக்கு எழுந்தருளும் ஊர் என்றுதான் வெளியூர்க்காரர்களுக்கு இதைத் தெரியும். எனக்கு இந்த வட்டாரம் முக்கியமாகப்படுவதற்குக் காரணம் வேறு. ராகத்தின் பெயரோ சுரக் குறிப்போ தெரியாத பிள்ளைகளைப் பாட்டுக்காரர்களாக்கும் முறை ஒன்று இங்கே இருக்கிறது. அது கட்டைக்கூத்து.

அம்மன் திருவிழாவில் ராத்திரி தொடங்கும் கூத்து விடியும்போதுதான் முடியும். கிரீடமும் புஜக்கட்டையும் சலங்கையும் கட்டிய வேஷக்காரரே பாட வேண்டும், ஆட வேண்டும், வசனமும் பேச வேண்டும். அதுவும் உச்சக் குரலில். பம்பரமாகச் சுற்றி நின்றவருக்கு மூச்சு எங்கிருந்து வரும்? பின்பாட்டிலிருந்து வரும். ஆர்மோனியம், மிருதங்கம், டோலக், முகவீணையோடு பின்னால் இருப்பவர்கள் அவர் விட்ட அடியைப் பிடித்துத் திருப்பிப் பாடுவார்கள். அந்த இடைவெளியில் மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த அடியை எடுப்பார். புதுப் பையனுக்கு இது நல்ல பள்ளிக்கூடம். தனியாகப் பாடினால் சுருதி நழுவும், கூட்டத்தோடு பாடும்போது தப்பு தானாகத் திருந்தும். தாளம் காலில் ஏறிவிட்டதால் அவன் அதை எண்ண வேண்டியதில்லை.

இந்தக் கல்வியை ஒரு பள்ளியாகவே நடத்திக் காட்டினார்கள் கூத்துக் கலைஞர் பி. ராஜகோபாலும் ஆய்வாளர் ஹன்னே டி ப்ரூனும். காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் 2002-இல் அவர்கள் தொடங்கிய கட்டைக்கூத்து குருகுலத்தில் பள்ளிப் பாடமும் கூத்தும் சேர்ந்தே நடந்தன. ஆண்களின் கலையாகவே இருந்துவந்த கூத்தைப் பெண் பிள்ளைகளும் கற்றார்கள். 2020-இல் குருகுலம் மூடப்பட்டது. இழப்புதான்.

காலுக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம்? கனடாவில் ஏழு மாதக் குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். அதன் முடிவு 2005-இல் வெளியானது. அழுத்தமே இல்லாத ஆறு எண்ணிக்கைத் தாளம் ஒன்றை ஒலிக்கவிட்டு, சில குழந்தைகளை இரண்டுக்கு ஒருமுறையும், மற்றவற்றை மூன்றுக்கு ஒருமுறையும் தூக்கிக் குலுக்கினார்கள். பிறகு, தான் குலுக்கப்பட்டபடி அழுத்தம் விழும் தாளத்தையே ஒவ்வொரு குழந்தையும் அதிக நேரம் கேட்டது. கண்ணைக் கட்டினாலும் அப்படித்தான். பிறர் குலுங்குவதை வெறுமனே பார்த்த குழந்தைகளிடம் அந்த விளைவு இல்லை. தாளத்தைப் பிரித்துக் காட்டியது உடம்பு.

ஜெனீவாவில் எமீல் ஜாக் டால்க்ரோஸ் இதை அனுபவத்தில் கண்டுகொண்டார். 1892-இல் அங்கே இசைக் கல்லூரியில், பல சுரங்களை ஒன்றாக ஒலிக்கவைக்கும் ஹார்மனிக்கு ஆசிரியராகச் சேர்ந்தவர், தன் மாணவர்கள் விதிப்படி சரியாக எழுதுவதையும், எழுதியது காதில் எப்படி ஒலிக்கும் என்று தெரியாமல் விழிப்பதையும் பார்த்தார். அவர்களை எழுந்து நடக்கவும் குதிக்கவும் வைத்துப் பாடம் சொன்னார். கர்நாடக சங்கீதமும் மாணவனின் கையைச் சும்மா விட்டதில்லை. ஆதி தாளத்தின் எட்டும் தொடையில் விழுந்தாக வேண்டும். ஆனால் உட்கார்ந்த இடத்திலேயே!

இதுவரை பார்த்தது தாளம். ஹார்மனி வேறு விஷயம். பின்பாட்டில் எல்லோரும் ஒரே மெட்டைத்தான் பாடுகிறார்கள். ஒரே நேரத்தில் வெவ்வேறு சுரங்களைப் பாடுவது நம் ஊரில் தேவாலயங்களுக்கு வெளியே அபூர்வம். எம். பி. சீனிவாசன் (1925–1988) சென்னையில் அமைத்த மெட்ராஸ் யூத் கொயர் பாரதி பாடல்களையே அப்படிப் பாடிக் காட்டியது. இதில் பழகாதவர்களுக்கு முதல் சிக்கல், பக்கத்துக் குரல் நம்மைத் தன் சுரத்துக்கு இழுத்துக்கொள்வது.

அந்த இழுப்பைச் சமாளிக்கக் கூத்துக்காரரின் வழி உதவும். பிள்ளைகளை வட்டமாக நிறுத்தி, இரண்டு அணியாகப் பிரியுங்கள். ஆறு வரை எண்ணும்போது ஸ பாடும் அணி மூன்றுக்கு ஒருமுறை காலை வைக்கட்டும். ப பாடும் அணி இரண்டுக்கு ஒருமுறை. முதல் அணிக்கு இரண்டு அடி, மற்றதற்கு மூன்று. குரலிலும் இதே கணக்குதான். ஸ நொடிக்கு 240 முறை அதிர்ந்தால், சுத்தமாகச் சேர்ந்த ப 360 முறை அதிரும். அங்கேயும் இரண்டுக்கு மூன்று.