தெளிவும் தெரிவும்

நுழையும்முன்

மேல்நிலைப் பொதுத்தேர்வு முடிவு வெளியானதும், எந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்வது என்னும் வினா எழுகிறது. எந்தப் பாடத்தைப் பயில்வது என்பதே முடிவாகாத நிலையில் இவ்வினாவை எதிர்கொள்வோர் பலர். அந்நிலையில் இரு பல்கலைக்கழகங்களை எவ்வாறு ஒப்பிடுவது என்பதை அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களை முன்வைத்து இப்பாடம் விளக்குகிறது.

அறியாத பாடங்கள்

அரியலூர்ப் பகுதி ஒரு காலத்தில் கடலாக இருந்தது. அக்கடலில் வாழ்ந்த உயிர்கள் இன்று புதைபடிவங்களாகக் கிடைக்கின்றன. அக்காலத்தில் படிந்த சுண்ணாம்புக்கல்லே அங்குள்ள சிமெண்ட் ஆலைகளுக்கு மூலப்பொருளாக விளங்குகிறது. பெரம்பலூர் மாவட்டத்தின் சாத்தனூரில் 18 மீட்டருக்கும் மிகுந்த நீளமுடைய கல்மரம் உள்ளது. ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட அம்மரத்தைப் பற்றி நிலவியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் 1940ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவித்தார்.

இவற்றின் அருகிலேயே வளரும் மாணவர் பலர், பாறைகளையும் நிலத்தின் வரலாற்றையும் ஆராயும் நிலவியல் என்றொரு பட்டப்படிப்பு இருப்பதை அறியார். பள்ளியில் அது தனிப்பாடமாகக் கற்பிக்கப்படுவதில்லை. அறியாத ஒன்றை விரும்புதல் இயலாது. எனவே, 17 வயதில் முதன்மைப் பாடம் குறித்து ஐயம் எழுவது மாணவரின் குறையன்று. அவர் இதுவரை கண்டவை சில பாடங்களே என்பதன் விளைவு.

சேர்க்கையின் இயல்பு

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில், மாணவர் முதலில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, பல துறைப் பாடங்களைப் பயின்று, இரண்டாம் ஆண்டின் இறுதிக்குள் முதன்மைப் பாடத்தை அறிவிக்கலாம். நம் நாட்டின் பெரும்பாலான கல்லூரிகளிலோ சேர்க்கையே பாடத்தின் பெயரால் நிகழ்கிறது. விண்ணப்பத்தை நிரப்பும் நாளிலேயே இயற்பியல், வரலாறு, வணிகவியல் என ஒன்றைக் குறிப்பிட வேண்டும். ஆகவே, ஐயமுடைய மாணவர் பல்கலைக்கழகத்தின் புகழை மட்டும் ஒப்பிடுதல் போதாது. பின்னர் மனம் மாறினால் அங்கு என்ன வழி உண்டு என்பதையும் ஒப்பிட வேண்டும்.

இரு பல்கலைக்கழகங்கள்

அரியலூர் மாணவருக்கு ஒருபுறம் திருச்சிராப்பள்ளியும் மறுபுறம் சிதம்பரமும் உள்ளன. திருச்சிராப்பள்ளியில் 1982ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது பாரதிதாசன் பல்கலைக்கழகம். அரியலூர், பெரம்பலூர் உள்ளிட்ட பல மாவட்டங்களின் கல்லூரிகள் அதனுடன் இணைவு பெற்றுள்ளன. இளநிலைக் கல்வி பெரும்பாலும் இக்கல்லூரிகளிலேயே நடைபெறுகிறது. எனவே, இப்பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்தல் என்பது உண்மையில் ஒரு கல்லூரியைத் தேர்ந்தெடுத்தலே ஆகும். அரியலூர் அரசு கலைக் கல்லூரி போன்ற நிறுவனத்தில் வீட்டிலிருந்தே சென்று, குறைந்த செலவில் பயிலலாம். எனினும், ஒரு கல்லூரியில் உள்ள துறைகள் எண்ணிக்கையில் குறைவாக இருக்கக்கூடும்.

சிதம்பரத்தில் 1929ஆம் ஆண்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. கலை, அறிவியல், பொறியியல், வேளாண்மை, இசை எனப் பல புலங்கள் ஒரே வளாகத்தில் இயங்குவது அதன் தனித்தன்மை. பிற துறை மாணவரோடு பழகுவதற்கும், அறியாத பாடங்களை அருகிருந்து காண்பதற்கும் அங்கு வாய்ப்பு மிகுதி. ஆனால், தொலைவில் வாழும் மாணவர் விடுதிச் செலவை எண்ணிப் பார்க்க வேண்டும். மேல்நிலைக் கல்விக்குப் பின் சேரத்தக்க ஐந்தாண்டு ஒருங்கிணைந்த முதுநிலைப் படிப்புகளும் அங்குள்ளன. ஐயமுடையவர் அவற்றில் சேருமுன், மூன்றாம் ஆண்டின் முடிவில் இளநிலைப் பட்டத்துடன் வெளியேற விதி இடமளிக்கிறதா எனக் கேட்டறிதல் நன்று.

மாற்றமும் அதன் விலையும்

இவ்விரு நகரங்களோடும் தொடர்புடைய இருவரின் வாழ்க்கை இங்கு எண்ணத்தக்கது. திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்ற ஆ. ப. ஜெ. அப்துல் கலாம், பட்டப்படிப்பை முடித்த பின்னரே தமக்குரிய துறை பொறியியல் என உணர்ந்தார். சென்னைத் தொழில்நுட்ப நிறுவனத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. சேர்க்கைக் கட்டணத்திற்காக அவருடைய தமக்கை தம் பொன் வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 1971இல் பரோடாவில் இயற்பியல் பட்டமும், 1976இல் அமெரிக்காவில் அதே துறையில் முனைவர் பட்டமும் பெற்றார். அதன்பின் உயிரியலை மாணவராகவே மீண்டும் பயின்றார். 2009ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இருவரும் தொடங்கிய பாடம் பிற துறைகளுக்கு வழிவிடும் அடிப்படை அறிவியலாக இருந்தது. அவர்களது மாற்றத்திற்கு விலையும் இருந்தது. ஒருவருக்கு அது குடும்பத்தின் பொன். மற்றவருக்கு மேலும் சில ஆண்டுகள். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குச் செல்லும் மாணவரின் வீட்டில் ஓராண்டு இழப்பே பெருஞ்சுமை. ஆதலின், மாற்றத்திற்கு வழி உண்டா என்பதோடு, அதற்குரிய விலையைத் தம் குடும்பம் தாங்குமா என்பதையும் முன்னரே கணக்கிட வேண்டும்.

ஒப்பிடும் முறை

முதலில், மூன்றாண்டுப் பாடத்திட்டத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். முதன்மைப் பாடத்தோடு எந்தத் துணைப்பாடங்கள் அமைகின்றன என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். ஐயமுடையவருக்கு அத்துணைப்பாடமே இரண்டாவது கதவாகலாம். அடுத்து, சேர்ந்தபின் துறை மாறுவதற்கு எத்தனை நாள் அவகாசம் உண்டு, விலகினால் கட்டணத்தில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பவற்றை அலுவலகத்தில் கேட்டறிய வேண்டும்.

மூன்றாவதாக, பட்டத்திற்குப் பின் எஞ்சும் வழிகளை எண்ண வேண்டும். சமூகப்பணி, மேலாண்மை போன்ற முதுநிலைப் படிப்புகளில் எத்துறைப் பட்டதாரியும் சேர இயலும். கணிதத்திலும் இயற்பியலிலும் முதுநிலை பயில, இளநிலையிலேயே அவற்றைக் கற்றிருத்தல் வேண்டும். அறிவியலிலிருந்து கலைத்துறைக்குச் செல்லும் பாதை அகலமானது. எதிர்த்திசைப் பாதை குறுகியது. இதனால் அறிவியல் உயர்ந்தது என்பது பொருளன்று. இரண்டிலும் ஒத்த விருப்பமுடையவர், மீளக் கடினமான கதவை முதலில் மூடாதிருத்தல் வேண்டும் என்பதே பொருள்.

இவ்வாறு ஒப்பிட்டபின், ஒருவருக்கு வீட்டருகே உள்ள கல்லூரியும் மற்றொருவருக்குத் தொலைவிலுள்ள வளாகமும் ஏற்றதாக அமையலாம். முழுமையான தெளிவு கிடைக்கும்வரை எவரும் காத்திருக்க இயலாது. ஆயினும், தெளிவு பிறக்கும் நாளில் பயன்படும்படியாக ஒரு வழியைத் திறந்துவைத்துத் தேர்ந்தெடுத்தல் எவர்க்கும் இயலும்.

தெரிந்து தெளிவோம்

பெங்களூருவிலுள்ள இந்திய அறிவியல் நிறுவனம் 2011ஆம் ஆண்டு நான்காண்டு இளநிலை அறிவியல் படிப்பைத் தொடங்கியது. முதல் மூன்று பருவங்களில் மாணவர் அனைவரும் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகியவற்றைப் பொதுவாகக் கற்று, அதன்பின் முதன்மைப் பாடத்தில் ஆழ்ந்து பயிலும் வகையில் அப்படிப்பு வடிவமைக்கப்பட்டது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலிருந்து சென்று பயிலத்தக்க இரு கல்லூரிகளின் பாடத்திட்டங்களைத் திரட்டி, துணைப்பாடங்களை ஒப்பிட்டு அட்டவணை உருவாக்குக.

2. ‘பாடமே முதன்மை, பல்கலைக்கழகம் அடுத்ததே’ என்னும் பொருளில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.